இடிமழையும் குறிப்பேடும்

சென்னையின் மழைக்காலம் ஐப்பசியும் கார்த்திகையும் என்பது பள்ளிப் பாடம். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 140 செ.மீ. பெய்யும் இம்மாநகரில் பாதிக்கு மேற்பட்ட மழையை வடகிழக்குப் பருவக்காற்றே தருகிறது. ஆயினும் எஞ்சிய மழை ஒன்று உண்டு. சித்திரை, வைகாசியில் அரிதாகவும், ஆனி முதல் புரட்டாசி வரை அடிக்கடியும், மாலைப் பொழுதில் மேற்கே வானம் கறுத்து, சூறைக் காற்றோடும் இடியோடும் அது வருகிறது. சில நாள் வாசல் வரை வந்து திரும்பிப் போகிறது. சில நாள் ஒரு தெருவை நனைத்து அடுத்த தெருவை விட்டுவிடுகிறது. இன்னும் சில நாள், யாரும் எதிர்பாராத வண்ணம் ஓர் ஊரையே நீரில் ஆழ்த்துகிறது. இந்த மழை வருமா, வாராதா என்று காலை முதல் இரவு வரை கண்விழித்துப் பார்க்கும் ஆர்வலர் கூட்டம் ஒன்று சென்னையில் உண்டு. அவர்களுள் பலர் கூலி பெறாதவர்கள். வானிலைத் துறையில் பணி புரியாதவர்கள். அவர்களுடைய முன்னோரின் வரலாற்றையே இன்று சொல்லப் புகுகிறேன்.

பழந்தமிழர் நான்கு திசைக் காற்றுக்கும் நான்கு பெயர் வைத்தனர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. மேற்கிலிருந்து வருவதன் பெயர் கோடை. இன்று நாம் கோடை என்றால் வெயிற்காலம் என்றே பொருள் கொள்கிறோம். மேல்காற்றின் பெயரும் வெயிற்காலத்தின் பெயரும் ஒன்றாயிருப்பது வியப்பன்று. தொண்டை மண்டலத்தில் வெப்பத்தைக் கொண்டு வருவது மேல்காற்றுத்தான். காசிமேட்டு மீனவர்கள் இன்றும் காற்றின் பெயரைச் சொல்லியே கடலின் குணத்தைச் சொல்வார்கள். கருவிகள் வருமுன் கரையில் வாழ்ந்தவர்கள் கண்ணாலும் தோலாலும் கற்ற கல்வி அது. அதை எழுதி வைத்தவர்கள் இல்லை என்பதுதான் நமக்கு நேர்ந்த குறை.

கோடை இடிமழை எவ்வாறு பிறக்கிறது? பகலில் நிலம் விரைவில் சூடேறுகிறது. கடல் அவ்வளவு விரைவாகச் சூடேறுவதில்லை. ஆகவே நண்பகலை ஒட்டிக் கடலிலிருந்து ஈரமான குளிர்காற்று கரைக்குள் புகுகிறது. உள்நாட்டின் வெப்பக் காற்று அதற்கு எதிரே நிற்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் காற்று மேலே உந்தப்படுகிறது; ஈரம் குளிர்ந்து முகிலாகிறது; முகில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரம் வரை கோபுரம் போல் எழுகிறது. உயரே வீசுவது மேல்காற்றாயின், வேலூர், சித்தூர்ப் பக்கத்தில் உருவான முகில்கள் திருவள்ளூர் வழியாகக் கடற்கரையை நோக்கித் தள்ளப்படும். வரும் வழியில் வலுவிழந்தால் நமக்கு மின்னல் மட்டுமே மிச்சம். வலுவிழக்காமல் வந்து, உயரே காற்றும் ஓய்ந்திருந்தால், முகில் நின்ற இடத்திலேயே நின்று கொட்டும். ஒரு பிற்பகலின் கதை இவ்வளவே. ஆனால் எந்தப் பிற்பகல் எந்த முடிவைப் பெறும் என்பதை முன்கூட்டிச் சொல்வது இன்றும் எளிதன்று.

சென்னையில் வானிலையை நாள்தோறும் குறித்து வைத்தவர்களுள் முற்பட்டவர் ஒரு மருத்துவர். வில்லியம் ராக்ஸ்பரோ என்பது அவர் பெயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1776இல் இங்கு வந்தவர். பிற்காலத்தில் தாவரவியலில் பெரும் புகழ் பெற்றவர். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் அவர் எழுதி வந்த வானிலை நாட்குறிப்பு லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் 1778இலும் 1780இலும் வெளிவந்தது. மருத்துவம் பார்க்க வந்தவருக்கு வெப்பமானியைப் பார்க்கச் சொல்லி யாரும் சம்பளம் தரவில்லை. ஆர்வம் ஒன்றே அவரைச் செலுத்தியது எனலாம்.

அடுத்தவரும் ஆர்வலரே. கம்பெனி அதிகாரியான வில்லியம் பெட்ரி, 1786இல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு வானாராய்ச்சி நிலையம் அமைத்தார். பின்னர் அவருடைய கருவிகள் அரசாங்கத்தைச் சேர்ந்தன. மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியால் 1792இல் நுங்கம்பாக்கத்தில் நிலையான கட்டடம் எழுந்தது. அங்கே நாட்டப்பட்ட கருங்கல் தூணில் தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளிலும் கல்வெட்டு உண்டு. ஆயிரம் ஆண்டு கழிந்தாலும் படிப்பவர்க்கு விளங்கட்டும் என்று நாட்டு மொழிகளிலும் பொறித்தவர்களின் அறிவை நான் பாராட்டுகிறேன். அத்தூண் இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது.

நுங்கம்பாக்கத்தின் முதல் வானியலாளர்களுள் ஒருவரான ஜான் கோல்டிங்காம் செய்த சோதனை ஒன்றை மாணவர்கள் அவசியம் அறிய வேண்டும். கோட்டையிலும் பரங்கிமலையிலும் நாள்தோறும் பீரங்கி முழங்குவது அக்கால வழக்கம். 1820, 1821ஆம் ஆண்டுகளில் அவர் வானாராய்ச்சி நிலையத்திலிருந்து அந்தப் பீரங்கியின் ஒளியைப் பார்ப்பதற்கும் ஓசையைக் கேட்பதற்கும் இடைப்பட்ட நொடிகளைக் கணக்கெடுத்தார். தூரம் முன்பே அளந்தது. நேரம் கையில் கிடைத்தது. எனவே ஒலியின் வேகம் தெரிந்தது. அதோடு அவர் நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் ஈரத்தையும் காற்றையும் பக்கத்தில் எழுதினார். வானிலை மாற மாற ஒலியின் வேகமும் மாறுவது அந்தப் பட்டியலில் புலப்பட்டது. இடியும் ஒரு பீரங்கிதான். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். பதினைந்து எண்ணியபின் இடி கேட்டால் முகில் ஐந்து கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் அது நம்மை நோக்கி வருகிறது. இடி காதில் விழுந்த உடனே வெட்டவெளியை விட்டு அறைக்குள் போய்விட வேண்டும். எஞ்சிய எண்ணிக்கையைச் சன்னலிலிருந்து செய்யலாம்.

நுங்கம்பாக்கத்தில் மழையளவு இடையறாது பதிவாகத் தொடங்கிய ஆண்டு 1813. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நீளும் அத்தகைய வரிசை உலகில் பல நகரங்களுக்கு இல்லை. 1846 அக்டோபரில் ஒரே நாளில் 20 அங்குலத்துக்கு மேல், அதாவது 50 செ.மீ.க்கு மேல் பெய்தது என்று இன்று நாம் சொல்ல முடிவது, அன்று ஒருவர் கொட்டும் மழையில் நடந்து போய் அளந்து எழுதியதால்தான்.

மழையைக் காட்டிலும் காற்றே அக்காலத்தில் அச்சம் தந்தது. சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் அமையும் முன் கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். 1811 மே 2ஆம் நாள் கோடைப் புயலில் டோவர், சிசெஸ்டர் என்னும் இரு கப்பல்களோடு வணிகக் கலங்கள் பலவும் அழிந்தன. 1872 மே மாதத் தொடக்கத்தில் மீண்டும் ஒரு புயல். மீண்டும் கப்பல்கள் கரையில் மோதி உடைந்தன. இடையே 1864இல் கல்கத்தாவும் மசூலிப்பட்டினமும் புயலால் பேரழிவு கண்டன. ஊருக்கு ஊர் தனித்தனியே எழுதும் குறிப்பால் புயலை அறிய முடியாது, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் ஒப்பிட வேண்டும் என்ற உண்மை ஆட்சியாளர்க்கு உறைத்தது. 1875இல் இந்திய வானிலைத் துறை பிறந்தது. ஹென்றி பிளான்போர்டு அதன் தலைவரானார்.

புயல் பெரியது, பல நூறு மைல் பரந்தது. அதற்குச் சில நிலையங்கள் போதும். இடிமழையோ சிறியது. சில கிலோமீட்டர் அகலமுள்ள முகிலைப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றாக உள்ள மழைமானிகள் பிடிக்கமாட்டா. இவ்விடத்தில்தான் ஆர்வலர்க்கு மீண்டும் வேலை வந்தது. இங்கிலாந்தில் ஜார்ஜ் சைமன்ஸ் என்பவர் 1860இல் நாடெங்கும் மழை அளப்போரைத் திரட்டத் தொடங்கினார். பாதிரிமார், மருத்துவர், ஆசிரியர், தோட்டக்காரர் எனப் பலரும் சேர்ந்தனர். 1900இல் அவர் இறக்கும்போது அத்தொண்டர் தொகை மூவாயிரத்தைத் தாண்டியிருந்தது. அமெரிக்காவில் போர்ட் காலின்ஸ் என்னும் நகரில் 1997 ஜூலை 28 அன்று நகரின் ஒரு புறம் 10 அங்குலத்துக்கு மேல் மழை. மறுபுறம் 2 அங்குலம்கூட இல்லை. ஐந்து உயிர்கள் போயின. மறு ஆண்டே அங்குள்ள பல்கலைக்கழகத்தார் பொதுமக்கள் கையில் மழைமானி கொடுத்து ஒரு தொண்டர் அணியை அமைத்தனர்.

நம் சென்னையின் கதையும் அதுவே. நீண்ட காலப் பதிவு இருப்பது நுங்கம்பாக்கத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும். ‘சென்னையில் மழை இவ்வளவு’ என்று செய்தி சொன்னால் அவ்விரண்டின் அளவே பொருள். இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய வடபகுதிகளில் ஆலைகளும் துறைமுகங்களும் குடியிருப்புகளும் நெருங்கிக் கிடந்தும், இங்கே பெய்த மழைக்கு இங்கேயே சாட்சி இல்லாதிருந்தது. அண்மை ஆண்டுகளில் மாநகராட்சி மண்டலங்கள்தோறும் தானியங்கி மழைமானிகள் வைத்தபின்னரே இந்தக் குறை நீங்கி வருகிறது.

இன்றைய ஆர்வலரின் ஒரு நாள் எப்படிப் போகிறது? விடியற்காலையில் மீனம்பாக்கத்திலிருந்து பறக்கவிடப்படும் பலூன் மேல்வானின் வெப்பத்தையும் ஈரத்தையும் காற்றையும் தெரிவிக்கிறது. அந்த எண்களைப் பார்த்து, இன்று முகில் எழ வாய்ப்புண்டா என்று முதலில் கணிக்கிறார்கள். நண்பகலில் கடற்காற்று எத்தனை மணிக்குப் புகுந்தது என்று கவனிக்கிறார்கள். மாலையில் ராடார். துறைமுகக் கட்டடத்தின் உச்சியில் 2002 முதல் டாப்ளர் ராடார் ஒன்று சுழல்கிறது. அது அனுப்பும் அலை மழைத்துளியில் பட்டுத் திரும்பும். அதைக் கொண்டு முகில் எங்கே நிற்கிறது, எப்பக்கம் நகர்கிறது என்று அறியலாம். தண்டையார்பேட்டைக்குச் சில கிலோமீட்டர் தெற்கே நிற்கும் இக்கருவியின் படத்தை வானிலைத் துறை எல்லார்க்கும் திறந்து வைத்திருப்பது பெரிய கொடை. 2015 பெருவெள்ளத்தை ஒட்டி ‘தமிழ்நாடு வெதர்மேன்’ என்று மக்களிடையே பெயர் பெற்ற பிரதீப் ஜான் வானிலைத் துறை அலுவலர் அல்லர், இத்தகைய ஆர்வலரே. இவர்களுள் பொறுப்புள்ளவர்கள் அரசு எச்சரிக்கையை மீறிப் பேசுவதில்லை, அதை விளக்குகிறார்கள். ஆரவாரத்துக்காக அச்சமூட்டுவோரும் சிலர் இருக்கிறார்கள். எதையும் அளந்து எழுதாதவர்களே பெரும்பாலும் அவ்வாறு செய்கிறார்கள் என்பது என் கருத்து.

2025 ஆகஸ்டு 30, சனிக்கிழமை இரவு. இடியோடு வந்த முகில்கள் வடசென்னையின் மேல் நின்றன. மறுநாள் காலை வெளிவந்த கணக்கில் மணலியில் 27 செ.மீ., விம்கோ நகரில் 23 செ.மீ. ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ.க்கு மேல் சில இடங்களில் பெய்ததால் வானிலைத் துறை இதனை மேகவெடிப்பு என்றே குறித்தது. அன்றிரவு மாநகரெங்கும் அவ்வாறு பெய்யவில்லை. பழைய இரண்டு மழைமானிகளை மட்டும் நம்பியிருந்தால், வடபகுதி மூழ்கிய இரவு ஏட்டில் சாதாரண மழை இரவாகவே நின்றிருக்கும்.

ஏட்டில் எப்படி நின்றால் என்ன என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். 10 செ.மீ. மழை ஒரு சதுர கிலோமீட்டரில் பெய்தால் பத்துக் கோடி லிட்டர். தண்டையார்பேட்டை மேடு பள்ளம் அதிகமில்லாத கடற்கரைச் சமவெளி. இங்குள்ள நீர் கேப்டன் காட்டன் கால்வாய், கொடுங்கையூர்க் கால்வாய் போன்றவற்றின் வழியே பக்கிங்காம் கால்வாயை அடைந்து, எண்ணூர்க் கழிமுகத்தை நோக்கிப் போக வேண்டும். கடலில் ஏற்றம் இருக்கும் வேளையில் கழிமுகம் நீரை எளிதில் வாங்காது. வடிகாலை எத்தனை அகலம் வெட்டுவது, இரயில் பாலத்தடிச் சுரங்கப் பாதையில் எத்தனை எந்திரம் வைப்பது என்று பொறியாளர் முடிவு செய்யும்போது, ‘இவ்விடத்தில் ஒரு மணி நேரத்தில் அதிக அளவு மழை எவ்வளவு?’ என்று கேட்பார். நுங்கம்பாக்கத்தின் எண்ணைக் கொடுத்தால் வடசென்னைக்குச் சிறிய குழாய் கிடைக்கும். வெள்ளம் வீட்டுக்குள் வருவது நீரோடு முடிவதும் இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலித் தொழிற்பகுதி எண்ணெயும் கலந்து எண்ணூர் மக்களின் வீட்டுச் சுவரிலும் மீனவர் படகிலும் படிந்ததை நாம் பார்த்தோம்.

மழைமானி வைப்பது கடினமான காரியம் அன்று. நேரான சுவருள்ள கண்ணாடிக் குவளை ஒன்றும் அடிக்கோலும் இருந்தால் வகுப்பில் தொடங்கிவிடலாம். நான் பல ஆண்டு அப்படித்தான் தொடங்கினேன். நல்ல மழைமானி பின்னர் வாங்கலாம். மரத்தடியிலும் கூரையோரத்திலும் வைக்கக் கூடாது. நாடெங்கும் வழங்கும் முறைப்படி காலை 8.30க்கு அளந்து, தேதியோடு எழுத வேண்டும். மழை இல்லாத நாளில் 0 என்று எழுத வேண்டும். வெற்றிடம் விட்டால் பெய்யவில்லையா, பார்க்கவில்லையா என்று பிற்காலத்தார் அறியமாட்டார்கள். விடுமுறையில் யார் அளப்பது என்பதே பள்ளிகளில் எப்போதும் எழும் சிக்கல். பள்ளிக்கு அருகில் வசிக்கும் இரண்டு மாணவர்களிடம் அதை ஒப்படைப்பது நல்லது.

ஓர் இடத்தின் சராசரி மழையைச் சொல்ல 30 ஆண்டுப் பதிவு வேண்டும் என்பது உலக வானிலை அமைப்பின் முறை. நுங்கம்பாக்கத்துக்கு அத்தகைய முப்பதாண்டுகள் ஏழு முறை நிறைந்துவிட்டன. தண்டையார்பேட்டையில் இன்று பத்தாம் வகுப்பில் இருக்கும் மாணவர் இவ்வாண்டு முதல் வரியை எழுதினால், முதல் முப்பது நிறையும்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து.