போயா வாரமும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும்

குடும்பத்தினர் அனைவரும் நாளுக்கு ஒரு வேளையாவது ஒன்றாக அமர்ந்து உண்ண வேண்டும், அதற்கென நேரத்தை ஒதுக்கிக்கொள்ள வேண்டும் என்று வைத்தியர்களும் ஆசிரியர்களும் இன்று மேடைக்கு மேடை கூறி வருகின்றனர். அவர்கள் கூறுவது நியாயமே. ஆயினும், அந்த நேரத்தை ஒதுக்கும் அதிகாரம் குடும்பத்தின் கையில் எவ்வளவு தூரம் இருந்தது என்ற கேள்வியை எவரும் எழுப்புவதாகத் தெரியவில்லை. எனது ஆயுட்காலத்திலேயே இந்நாட்டில் அரசாங்கம் வாரத்தை மாற்றியிருக்கிறது; கடிகாரத்தை மாற்றியிருக்கிறது. யுத்தம் இரவையும் பகலையும் மாற்றிப் போட்டது. இவை ஒவ்வொன்றும் எங்கள் சாப்பாட்டு வேளையில் கை வைத்தன. அரசியல் வரலாற்றை எழுதுவோர் அக்கறை கொள்ளாத விடயம் என்பதால், எனக்குத் தெரிந்தவற்றை இங்கு பதிந்து வைக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு மயக்கத்தைப் போக்கிவிட வேண்டும். அக்காலத்தில் எல்லோரும் ஒன்றாக இருந்து உண்டார்கள், இக்காலத்தில்தான் கெட்டுப்போயிற்று என்று எம்மவர் பலர் பேசுவதுண்டு. யாழ்ப்பாணத்து வீடுகளில் அப்படி நடக்கவில்லை. ஆண்களும் பிள்ளைகளும் முதலில் உண்பர். பெண்கள் பரிமாறுவர். மிஞ்சியதை, ஆறிய பின்னர், அடுக்களைக்குள் இருந்து பெண்கள் உண்பர். மாமனார் இருக்கும் இடத்தில் மருமகள் அமர்ந்து உண்பது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். மேசையைச் சுற்றியிருந்து உண்ணும் பழக்கமோ வெளியிலிருந்து வந்தது. 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் 1658 இல் ஒல்லாந்தரிடம் அதனை இழந்தனர். ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற மேசை, கதிரை, குசினி, பாண், அலுமாரி ஆகிய சொற்கள் இன்றும் எங்கள் வீட்டுக்குள் குடியிருக்கின்றன. சொல் முதலில் வந்துவிட்டது. அந்த மேசையில் தாயும் மகளும் ஒரே வேளையில் அமர்ந்து உண்பதற்கு மேலும் பல தலைமுறைகள் சென்றன.

விதிவிலக்காக ஒன்று இருந்தது. அது ஒடியற்கூழ். மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு எல்லாம் ஒரே பானையில் வேக, ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றி, புளியும் செத்தல் மிளகாயும் சேர்த்துக் காய்ச்சிய கூழை முற்றத்தில் வட்டமாக இருந்து, பிளாவிலோ மடித்த பலாவிலையிலோ சூட்டோடு ஊதி ஊதிக் குடிக்க வேண்டும். ஆறினால் கூழ் கெட்டியாகிவிடும். ஒருவருக்காக ஒதுக்கி மூடி வைக்க முடியாத உணவு அது. ஆகவே கூழ் காய்ச்சும் நாளில் பெண்களும் கூடவே இருந்து குடித்தார்கள். சமத்துவத்தை எவரும் போதித்து அது நடக்கவில்லை. கூழின் குணம் அப்படி.

இனி விடயத்துக்கு வருவோம்.

கொழும்பிலிருந்து வடக்கே செல்லும் புகையிரதப் பாதை 1905 இல் காங்கேசன்துறை வரை முழுமையடைந்தது. அதன் பின்னர் யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் அமைப்பே மாறியது. தகப்பன் தெற்கே கந்தோரில், தாயும் பிள்ளைகளும் ஊரில் என்பது ஆயிரக்கணக்கான வீடுகளின் வழமையாயிற்று. கொழும்பில் லிகிதர்மார் நாலைந்து பேராக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு சமையற்காரனை வைத்து, 'சம்மறி' என்ற பெயரில் வாழ்ந்தனர். இந்த மனிதர்கள் தம் மனைவி மக்களோடு உண்டதைவிடச் சம்மறிக் கூட்டாளிகளோடு உண்ட நாட்களே அதிகம். என் தந்தையாரும் அவர்களுள் ஒருவர்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மத்தியானம் கந்தோர் மூடியதும் இரவு மெயில் வண்டியில் ஏறினால் ஞாயிறு காலையில் ஊர். அன்றிரவே மீண்டும் மெயில் வண்டி. திங்கட்கிழமை காலையில் கோட்டை நிலையத்தில் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு நேரே கந்தோருக்குப் போக வேண்டியதுதான். கைச்செலவு காரணமாக ஒவ்வொரு வாரமும் வர இயலாது. மாதத்துக்கு ஒரு தடவை, மிஞ்சிப் போனால் இரண்டு தடவை. ஆகவே ஒரு குடும்பம் முழுமையாகச் சேர்ந்து உண்ணும் வேளை என்பது மாதத்தில் ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமாக இருந்தது. அதற்காக அயலவர் நாலு வீடு சேர்ந்து ஒரு கிடாயை வாங்கிப் பங்கு போடுவர். காலையில் எண்ணெய் முழுக்கு, மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறி, பின்னேரம் ஒரு தூக்கம். சூரியன் சாய்ந்ததும் தந்தையார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடுவார்.

இந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் 1966 ஜனவரியில் அரசாங்கம் எடுத்துக்கொண்டது.

1965 மார்ச் பொதுத்தேர்தலின் பின்னர் டட்லி சேனநாயக்கவின் தேசிய அரசாங்கம் பதவிக்கு வந்தது. தமிழரசுக் கட்சியும் தமிழ்க் காங்கிரஸும் அதில் பங்காளிகள். அவ்வாண்டில் இயற்றப்பட்ட விடுமுறைகள் சட்டத்தின்படி, சனி, ஞாயிறு ஓய்வு ஒழிக்கப்பட்டு, பௌர்ணமி, அமாவாசை, இரு அரைநிலா நாட்கள் ஆகிய நான்கு போயா தினங்களும் வாராந்த விடுமுறைகளாயின. போயாவுக்கு முந்திய நாள் அரை நாள் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை சாதாரண வேலை நாளாயிற்று. பௌத்த மக்களின் நீண்டகாலக் கோரிக்கை ஒன்று நிறைவேறியதாக அது கொண்டாடப்பட்டது. அந்த ஜனவரியின் பத்திரிகைகளைப் புரட்டினால் வேறு செய்திகளே பெரிதாகத் தெரியும். தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் ஒழுங்குவிதிகளுக்கு எதிராக ஜனவரி 8 ஆம் திகதி கொழும்பில் ஊர்வலம் நடந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஒரு பிக்கு பலியானார். அவசரகாலச் சட்டம் வந்தது. அந்தக் கொந்தளிப்பின் நடுவே வாரம் மாறியது எவருடைய சாப்பாட்டை மாற்றியது என்று எழுத எந்த நிருபருக்கு நேரம் இருந்திருக்கும்?

சந்திர மாதம் ஏறக்குறைய 29½ நாட்களைக் கொண்டது. அதை நான்காகப் பிரித்தால் ஏழு நாட்களுக்குச் சற்று அதிகம். எனவே ஒரு போயாவுக்கும் அடுத்த போயாவுக்கும் இடையே சில வாரங்களில் ஏழு நாட்களும் சில வாரங்களில் எட்டு நாட்களும் வந்தன. கிழமைகளின் பெயர்கள் பயனற்றுப் போயின. பள்ளிக்கூட நேரசூசியில் திங்கள், செவ்வாய்க்குப் பதிலாகப் 'பீ வன்', 'பீ டூ' என்று நாட்களை எண்ணினோம். ஆண்டுக்கு 52 ஞாயிறு இருந்த இடத்தில் போயாக்கள் 49 அல்லது 50 தான் வரும். ஓய்வு நாளில் மூன்று குறைந்தது என்பதை எங்கள் கணக்கு வாத்தியார் கரும்பலகையில் பிரித்துக் காட்டினார். சட்டசபையில் இதை எவரேனும் பிரித்துப் பார்த்தார்களோ தெரியாது என்று அவர் சொன்னது வகுப்பில் பெரும் சிரிப்பை எழுப்பியது.

கத்தோலிக்க அயலவர்களின் நிலை மிகவும் பரிதாபம். ஞாயிறு பூசையை விடியப்புறத்தில் முடித்துக்கொண்டு வேலைக்கும் பள்ளிக்கும் ஓடினார்கள். பூசை முடிந்து வந்து குடும்பமாக உண்ணும் வழமை, கரையோரக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தது, ஐந்தரை ஆண்டுகளுக்கு இல்லாமற் போயிற்று. போயா தினத்தில் வீட்டில் இருந்தார்கள், உண்மைதான். ஆனால் அந்த நாளுக்கு அவர்களிடம் ஒரு சமையல் இருக்கவில்லை.

சைவ வீடுகளில் விளைவு வேறு விதமாக இருந்தது. இதை நான் எங்கும் எழுதப்பட்டுக் காணவில்லை. தந்தையை இழந்தவர்கள் அமாவாசை விரதமும் தாயை இழந்தவர்கள் பௌர்ணமி விரதமும் பிடிப்பது எம்மவர் வழக்கம். அதுவரை கந்தோர் உத்தியோகத்தர்கள் அவ்விரதத்தைச் சம்மறியில் அரைகுறையாக அனுட்டித்து வந்தனர். இப்போது அவ்விரண்டும் விடுமுறை நாட்களாயின. பௌத்தர்களுக்காக இயற்றப்பட்ட சட்டம் என் பாட்டனாருக்கு ஒழுங்கான அமாவாசைச் சோற்றைப் பெற்றுக் கொடுத்தது. தந்தையார் முழுகி, பிதிர்களை நினைத்துப் படைத்து, காகத்துக்குச் சோறு வைத்து, காகம் வந்து கொத்தும் வரை நாங்கள் எல்லோரும் முற்றத்தில் காத்து நிற்போம். அதன் பின்னரே வாழையிலையில் சோறு, பருப்பு, கத்தரிக்காய், வாழைக்காய், பாயசம், வடை. காத்து நின்று உண்பதால் எல்லோருக்கும் ஒரே வேளையில் பசித்தது. தாயாரும் அன்று முன்கூட்டியே சமைத்து முடித்துவிடுவார். முதற்பந்தியிலேயே அவர் அமர்ந்ததை நான் கண்டது அந்த ஆண்டுகளில்தான்.

ஆட்டிறைச்சியோ அரைநிலாப் போயாவுக்கு இடம்பெயர்ந்தது. அரைநிலா என்பது அட்டமி. அட்டமியில் நம்மவர் நல்ல காரியம் எதையும் தொடங்குவதில்லை. கலியாணம் இல்லை, பெண் பார்க்கப் போவதில்லை, வீடு குடிபுகுவதில்லை. எனவே எவரும் எங்கும் போகாமல் வீட்டில் இருந்தனர். கிடாய்ப் பங்கு போடுவதற்கு அதைவிட வாய்ப்பான நாள் இல்லை என்று அயலில் முடிவாயிற்று.

ஆனால் வெளியுலகம் ஞாயிற்றுக்கிழமையிலேயே ஓய்வெடுத்தது. வங்கி, துறைமுகம், ஏற்றுமதி வர்த்தகம் எல்லாம் இடர்ப்பட்டன. 1970 மே மாதத்தில் பதவிக்கு வந்த ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் 1971 இல் புதிய விடுமுறைகள் சட்டத்தைக் கொண்டுவந்து சனி, ஞாயிறை மீட்டது. பௌர்ணமி மாத்திரம் பொது விடுமுறையாக இன்றுவரை நீடிக்கிறது. ஞாயிறு திரும்பி வந்தது நல்லதே. நாட்டின் வர்த்தகத்துக்கு வேறு வழி இருக்கவில்லை. எங்கள் வீட்டு அமாவாசை மறுபடியும் சம்மறிக்குப் போயிற்று.

அடுத்து வந்த பஞ்சக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பாணுக்கு வரிசை, சங்கக்கடையில் வரிசை, மரவள்ளிக்கிழங்கு. காலைச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் ஒரு பிள்ளையாவது வரிசையில் நின்றது. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி வந்ததும் சாப்பாட்டுக் கதிரைகள் எல்லாம் ஒரு பக்கம் திரும்பின. இதை எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

யுத்த காலத்துக்கு வருவோம். 1990 ஜூனில் புகையிரதம் நின்றது. மின்சாரமும் இல்லாமற் போயிற்று. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் பொன்னாயிற்று. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சை வைத்து, அதன் மேல் துளி எண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக் குழாயில் திரியிட்டு எரித்த விளக்கைக் குடாநாட்டில் வாழ்ந்த எவரும் மறக்க மாட்டார்கள். வீட்டுக்கு ஒரு விளக்கு. பிள்ளைகள் அதில் படிக்க வேண்டும்; ஆகவே சாப்பாடு பொழுது படுவதற்கு முன் முடிந்தது. யாழ்ப்பாணத்தில் இராச்சாப்பாடு என்ற சொல்லுக்கு அர்த்தம் இல்லாமற் போன ஆண்டுகள் அவை. 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வின் பின்னர் குடாநாடு இராணுவக் கட்டுப்பாட்டுக்குள் வந்ததும் இரவு ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. ஊரடங்கில் எல்லோரும் வீட்டில்தான் இருந்தனர். ஒன்றாகவே உண்டனர். வராதவர் ஒருவர் இருந்தால் அந்த வீட்டில் எவரும் உண்ணவில்லை.

1996 மே 25 ஆம் திகதி கடிகாரம் மாறியது. மழை பொய்த்து நீர்மின் உற்பத்தி வீழ்ந்ததனால், மின்சாரத்தைச் சேமிக்கவென்று நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்வாங்கினார்கள். எஞ்சிய அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை நீடித்தது. கொழும்பில் பிள்ளைகள் இருட்டோடு புறப்பட்டார்கள். காலைச் சாப்பாட்டைப் பையில் கட்டிக் கொடுப்பது அப்போதுதான் பொது வழக்காயிற்று. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியிலோ பழைய நேரமே நீடித்தது. 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறக்கப்பட்ட பின்னர், ஓமந்தையைக் கடந்து உறவினர் வீட்டுக்குச் சாப்பிட வருவதாகச் சொல்லி அனுப்புவோர், "ஒரு மணிக்கு வருவோம்" என்றால் போதாது. பழைய நேரமா, புது நேரமா என்றும் சொல்ல வேண்டும். செய்தி சேகரிக்கச் சென்ற என்னிடம் கிளிநொச்சியில் ஒரு முதிய அம்மா, "தம்பி, உங்கட மணிக்குப் பசிக்குதோ, எங்கட மணிக்குப் பசிக்குதோ?" என்று கேட்டபடியே சோற்றைப் போட்டார்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு. மூன்று வேளையும் ஒன்றாக உண்டோம். 2022 இல் 13 மணித்தியால மின்வெட்டும் எரிவாயுத் தட்டுப்பாடும் வந்தபோது விறகடுப்பு எரியும் நேரமே சாப்பாட்டு நேரமாயிற்று.

இப்போது ஞாயிற்றுக்கிழமையை வைத்திருப்பது ரியூசன் கொட்டகைகள். ஞாயிறு காலை வகுப்புகளை நிறுத்த வேண்டும் என்ற கோரிக்கை வடக்கில் பல தடவை எழுந்து அடங்கியிருக்கிறது. சட்டம் எதுவும் இயற்றாமலே வாரம் மாறிவிட்டது. உயர்தரத்தில் படிக்கும் என் பேத்தியின் நேரசூசி எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. ஞாயிறு காலை 7 மணிக்கு இரசாயனவியல், 10 மணிக்கு உயிரியல், பிற்பகல் 2 மணிக்குப் பௌதிகவியல். இடையில் போக்குவரவு போக ஒரு மணித்தியாலம் மிஞ்சுகிறது. மருமகள் அந்த ஒரு மணியைப் பேனையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். ஆட்டிறைச்சி பதினொன்றுக்கு அடுப்பில் ஏறிவிடும்.