குடியுரிமைக்கு முன்னே நிற்கும் மொழி

பிரெஞ்சுக் குடியுரிமை கோரும் வேற்று நாட்டவர், 2026 ஜனவரி 1 முதல், பி2 எனப்படும் மொழித்தகுதியைச் சான்றிதழால் மெய்ப்பிக்க வேண்டும். கடைவீதிப் பேச்சு இத்தேர்வுக்குப் போதாது. ஒரு கருத்தைத் தாங்கி வாதிடவும் எழுதவும் தெரிய வேண்டும். பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் வினைத்திரிபுகளை மனனம் செய்வோரின் பாடு எளிதன்று.

மொழியறிந்தவரே குடிமகன் என்னும் எண்ணம் அக்குடியரசுடன் பிறந்ததன்று. 1794 ஜூனில் கிரெகுவார் பாதிரியார் புரட்சிப் பேரவையில் ஓர் அறிக்கை வாசித்தார். குறைந்தது 60 லட்சம் பேர் பிரெஞ்சு அறியார். அதைச் செவ்வையாகப் பேசுவோர் 30 லட்சத்தைத் தாண்டார் என்பது அவர் கணக்கு. ஊர்ப்புறங்களில் பிரெத்தோன், பாஸ்க், ஆக்சிதான் முதலிய மொழிகள் வழங்கின. அதற்காக அம்மக்களின் நாட்டுரிமை பறிக்கப்படவில்லை. மொழியைக் கொண்டு சேர்ப்பது அரசின் பொறுப்பாயிற்று. 1881, 1882 ஆம் ஆண்டுகளில் ஜூல் ஃபெரியின் சட்டங்கள் தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கின. தாய்மொழி பேசிய பிரெத்தோன் பிள்ளைகள் பள்ளிகளில் தண்டிக்கப்பட்டதையும் நாம் மறப்பதற்கில்லை.

வெளியிலிருந்து வந்தோர்க்கு 1945-ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பு மொழியறிவை நிபந்தனையாக வைத்தது. அவரவர் நிலைக்கேற்ற அளவு போதும் என்றும் சொன்னது. அதிகாரி நேரில் பேசிப் பார்த்துக் கணித்துவந்த அந்த அளவு, 2012-இல் பி1 வாய்மொழிச் சான்றாகவும், 2020-இல் எழுத்துத் திறனையும் சேர்த்துக்கொண்டும் இறுகி, இன்று பி2 ஆகியுள்ளது. 1962-இல் பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் ஒப்படைப்பு சட்டப்படி நிறைவேறியபோது, எழுத்துமூலம் அறிவித்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட புதுச்சேரித் தமிழரிடமும் மொழித்தேர்வு கேட்கப்படவில்லை.

மொழி கற்பது நன்றே. ஆனால் கிரெகுவார் எண்ணிக் கணக்கிட்ட குடிமக்களுள் பெரும்பாலோர் இன்று விண்ணப்பித்தால் தேறமாட்டார்கள் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.