பிரேசில் திரைப்பட விழாக்கள்

பிரேசிலில் எடுக்கப்பட்ட படங்களைத் தொகுத்து, அந்நாட்டுக்கு வெளியே உள்ள பார்வையாளருக்குக் காட்டும் விழாக்கள். மியாமியிலும் பாரிஸிலும் நடந்துவருபவை இவற்றுள் பெயர்பெற்றவை. தூதரகங்கள் ஏற்பாடு செய்யும் சிறு திரையிடல்களையும், பன்னாட்டு விழாக்களுக்குள் ஒதுக்கப்படும் பிரேசில் பிரிவுகளையும் இதே கணக்கில் சேர்ப்பதுண்டு. பிரேசில் அரசு சினிமாவுக்குக் கை கொடுத்த காலத்தில் இவை பெருகின. அது கையை இழுத்துக்கொண்டபோது காட்டப் படமில்லாமல் தவித்தன.

மன்னார்க் கரையிலிருந்து பார்க்கிறவருக்குப் பிரேசில் அவ்வளவு தூரத்து நாடு அல்ல. 1500இல் பிரேசில் கரையைத் தொட்ட கப்ராலின் போர்த்துக்கேயக் கப்பல்கள் அங்கிருந்து கோழிக்கோட்டுக்கு வந்தன. அதே போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினர். கத்தோலிக்கமும் கடல் தொழிலும் ஊறிய ஒரு கரைக்கு, பிரேசில் சினிமாவின் முதல் புகழ்பெற்ற படங்கள் விளக்கம் தேவைப்படாத படங்களாகவே இருக்கும். அந்நாட்டை உதைபந்தாட்டம் வழியாக மட்டும் அறிந்தவர்களுக்கும் இது பொருந்தும்.

கான் முதல் ஜெனோவா வரை

லிமா பரேத்தோ நெறியாள்கை செய்த ‘ஓ கங்கசேய்ரோ’, வடகிழக்கு வறண்ட நிலத்துக் கொள்ளையரைப் பற்றிய படம். 1953இல் கான் விழாவில் பரிசு பெற்று உலகச் சந்தைக்குப் போனது. 1959இல் அதே கானில் தங்கப் பனை வென்ற ‘கறுப்பு ஓர்ஃபியூஸ்’ ரியோவில் போர்த்துக்கேய மொழியில் எடுக்கப்பட்டதென்றாலும் நெறியாளர் மார்செல் காமூ பிரெஞ்சுக்காரர். கார்னிவல், சம்பா, குன்றின்மேல் சிரிக்கும் ஏழைகள் என்று வெளிநாட்டார் மனத்தில் படிந்துபோன பிரேசிலுக்கு இந்தப் படம் பெரும் காரணம். பின்னால் வந்த பிரேசில் நெறியாளர்கள் இந்தச் சித்திரத்தோடு மல்லுக்கட்டியே தங்கள் படங்களை வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது.

பிரேசிலர் ஒருவரே தங்கப் பனையை வென்றது 1962இல். அன்செல்மோ டுவார்தேயின் ‘ஓ பகடோர் டி ப்ரோமெஸாஸ்’, நேர்த்திக்கடன் செலுத்த வந்த ஒருவனின் கதை. தன் கழுதை பிழைத்தால் சிலுவை சுமந்து புனித பார்பரா ஆலயத்துக்கு வருவதாக ஒரு விவசாயி நேர்ந்துகொள்கிறான். கழுதை பிழைத்துவிடுகிறது. சிலுவையோடு சல்வடோர் நகரத்து ஆலய வாசலுக்கு வந்து சேர்ந்தவனைக் குருவானவர் உள்ளே விட மறுக்கிறார். நேர்த்தி வைத்த இடம் ஆபிரிக்க வழிவந்த கண்டொம்ப்ளே வழிபாட்டிடம் என்பதே காரணம். மடுவுக்குக் கால்நடையாகப் போய் நேர்த்தி தீர்ப்பவர்களும், பேசாலையில் தபசு காலத்துத் திருப்பாடுகளின் காட்சியைப் பார்த்து வளர்ந்தவர்களும் அந்த வாசற்படியில் நடப்பதை உடனே விளங்கிக்கொள்வார்கள். ஐரோப்பிய விமர்சகர்கள் பலர் இதை நாட்டுப்புறப் புதுமையாகவே பார்த்தனர்.

கிளாபர் ரோஷாவின் முதல் முழுநீளப் படமான ‘பர்ராவெந்தோ’ இன்னும் நெருக்கமானது. பஹியா கரையில் ஒரு கறுப்பின மீனவக் கிராமம். வலை அவர்களுடையதல்ல, நகரத்து முதலாளியுடையது. வரிசையாக நின்று பெரிய வலையைக் கரைக்கு இழுக்கிறார்கள், பிடிபட்டதில் பெரும்பங்கு வலைக்காரனுக்குப் போகிறது. கயிறு இழுப்போர் ஒரே தாளத்தில் காலூன்றிப் பின்வாங்கும் காட்சிகளை ரோஷா அவசரப்படாமல் காட்டுகிறார். கரைவலைக்கும் சம்மாட்டிக்கும் பழகியவர்கள் வசனம் புரியாமலே இந்தப் படத்தைப் பின்தொடரலாம். மடியில் மீன் குறைந்த நாளில் யார் முகம் எப்படிப் போகும் என்பது எந்தக் கரையிலும் ஒன்றுதான்.

1964 ஏப்ரல் தொடக்கத்தில் பிரேசிலில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஒரு மாதம் கழியுமுன் கானில் ரோஷாவின் ‘கடவுளும் சாத்தானும் சூரிய பூமியில்’, நெல்சன் பெரேரா டோஸ் சாண்டோஸின் ‘விடாஸ் செக்காஸ்’ என்ற இரண்டு படங்கள் போட்டியில் இருந்தன. வெளிநாட்டுத் திரையில் புதிய சினிமா, அதாவது ‘சினேமா நோவோ’, ஓர் இயக்கமாக அடையாளம் பெற்றது இங்கேதான். ‘விடாஸ் செக்காஸ்’ வறட்சியில் ஊர் விட்டு ஊர் நடக்கும் ஒரு குடும்பத்தின் கதை. அதில் பலேயா என்ற நாய் சுடப்பட்டுச் சாகும் காட்சி கண்டு, நாயை உண்மையிலேயே கொன்றுவிட்டார்கள் என்று பார்வையாளர் கொதித்தனர். நாயைக் கானுக்கு விமானத்தில் வரவழைத்துக் காட்ட வேண்டியதாயிற்று. படத்தில் பட்டினி கிடக்கும் பிள்ளைகளைப் பற்றி அப்படியொரு கொதிப்பு எழவில்லை.

இந்த மனநிலைக்கு ரோஷாவின் பதில் அடுத்த ஆண்டே வந்தது. 1965 ஜனவரியில் இத்தாலியின் ஜெனோவாவில் கொலம்பியானும் என்ற அமைப்பு இலத்தீன் அமெரிக்கத் திரைப்பட விழா ஒன்றை நடத்தியது. அமைப்பை நிறுவியவர் அஞ்செலோ ஆர்ப்பா என்ற இயேசு சபைக் குரு. அங்கே ரோஷா வாசித்த ‘பசியின் அழகியல்’ என்ற கட்டுரை, இலத்தீன் அமெரிக்கப் பசியை ஐரோப்பியர் ஒரு விசித்திரச் சுவையாக நுகர்கிறார்கள் என்று விழா நடத்தியவர்களின் முகத்துக்கு நேரே சொன்னது. பிரேசில் விழாக்களின் வரலாற்றில் இதைவிட முக்கியமான ஒரு நாள் இல்லை என்பேன். யார் படம் தேர்கிறார்கள், யாருக்காகத் தேர்கிறார்கள் என்ற கேள்வியை ஒரு விழாவின் மேடையிலேயே வைத்தது அந்தக் கட்டுரை. அதே ஜனவரியில் புதுதில்லி பன்னாட்டு விழாவில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘கம்பெரலிய’ தங்க மயில் பெற்றது. இலங்கைச் சினிமாவும் வெளியூரில் முதுகு தட்டப்பட்ட பிறகே உள்ளூரில் நிமிர்ந்தது.

அரசின் கை

1969 செப்டெம்பரில் இராணுவ ஆட்சி எம்ப்ராஃபில்ம் என்ற அரச நிறுவனத்தைத் தொடங்கியது. பிரேசில் படங்களை வெளிநாடுகளில் விநியோகிப்பதும் விழாக்களுக்கு அனுப்புவதும்தான் அதற்கு முதலில் இடப்பட்ட வேலை. ஆட்சியின் நோக்கம் நாட்டின் நற்பெயர், வெளியூர் விழாக்கள் கேட்டதோ ஆட்சியை விமர்சித்த நெறியாளர்களின் படங்களை. 1968 டிசம்பரில் வந்த ஐந்தாம் நிறுவனச் சட்டம் தணிக்கையை இறுக்கியிருந்தது. 1969இல் கானில் சிறந்த நெறியாளர் விருது பெற்ற ரோஷா 1971இல் நாட்டை விட்டு வெளியேறினார்.

இந்த முரண் 1982இல் வெடித்தது. ரொபேர்தோ ஃபாரியாஸின் ‘ப்ரா ஃப்ரென்தே பிரசில்’, 1970 உலகக் கிண்ண ஆரவாரத்தின் நடுவே ஆள்மாறிப் பிடிக்கப்பட்ட அப்பாவி ஒருவன் சித்திரவதைப்படுவதைக் காட்டியது. தெருவெல்லாம் வானொலியில் போட்டி வர்ணனை, உள்ளே ஓர் அறையில் இது. படத்துக்கு எம்ப்ராஃபில்ம் பணம் போட்டிருந்தது. படம் தடைப்பட்டது, நிறுவனத்தின் தலைவர் பதவியை இழந்தார். அவர் பெயர் செல்சோ அமோரிம். பின்னாளில் ஜனாதிபதி லூலாவின் ஆட்சியில் பல ஆண்டுகள் வெளியுறவு அமைச்சராக இருந்தவர் அவரே.

1990 மார்ச்சில் ஜனாதிபதியாகப் பதவிக்கு வந்த பெர்னாண்டோ கொல்லோர் எம்ப்ராஃபில்மை ஒரே மூச்சில் மூடினார். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் திரைக்கு வந்த பிரேசில் படங்களை விரல்விட்டு எண்ணலாம். 1993இல் வந்த ஒலி-ஒளிப்படச் சட்டம், வரியில் ஒரு பகுதியைப் படத்தயாரிப்பில் முதலிட நிறுவனங்களுக்கு வழிவிட்டது. அதன் பிறகே தயாரிப்பு மீண்டும் தலையெடுத்தது.

தனி விழாக்கள்

இந்த மறுவருகையின் வேகத்தில்தான் பிரேசிலுக்கென்றே தனி விழாக்கள் வெளிநாட்டில் வேரூன்றின. 1997இல் இன்ஃபினித்தோ என்ற அமைப்பின் மூன்று பெண்கள், அட்ரியானா டூத்ரா, கிளாடியா டூத்ரா, விவியானே ஸ்பினெல்லி, மியாமியில் பிரேசில் திரைப்பட விழாவைத் தொடங்கினர். பிறகு நியூயோர்க் முதலிய நகரங்களுக்கும் கொண்டுபோயினர். நியூயோர்க் விழாவின் பெயரிலேயே எண்ணெய் நிறுவனமான பெட்ரோப்ராஸ் ஒட்டிக்கொண்டிருந்த காலமுண்டு. பாரிஸில் கதியா அட்லெர் நடத்தும் விழா 1999இல் பிறந்தது. அதை நடத்தும் சங்கத்தின் பெயர் ஜங்காடா, வடகிழக்குப் பிரேசில் மீனவரின் பாய்மரக் கட்டுமரம்.

மியாமியில் பார்வையாளர் பெரும்பாலும் குடிபெயர்ந்த பிரேசிலர். பாரிஸில் பிரெஞ்சுக்காரரும் கலந்து வருவர். முன்னது ஊர் நினைவுக்கான கூடல், பின்னது அறிமுகம். ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ தமிழ்த் திரைப்பட விழாவுக்குப் போனவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்ததே. சொந்த ஊரவருக்குக் காட்டும்போது தெரிந்த நட்சத்திரம் வேண்டும், அயலாருக்குக் காட்டும்போது ஊரைச் சொல்லும் படம் வேண்டும். இரண்டையும் ஒரே அட்டவணையில் வைக்கிறவர் யாரையாவது ஏமாற்ற நேரும்.

ஏற்பாட்டின் நடைமுறை வெளியில் தெரியாத வேலை. ஒரு படத்தின் வெளிநாட்டு உரிமை பெரும்பாலும் தயாரிப்பாளரிடம் இராது, ஐரோப்பாவிலுள்ள விற்பனை முகவரிடம் இருக்கும். ஒரு காட்சிக்கு இவ்வளவு என்று அவர் கட்டணம் கேட்பார். முன்பு 35 மி.மீ. படச்சுருள்கள் தகரப் பெட்டிகளில் விமானமேறின, ஒரு படம் ஐந்தாறு சுருள். சுங்கத்தில் ஒரு பெட்டி சிக்கினால் மாலைக் காட்சி போயிற்று. இப்போது வன்தட்டில் பூட்டிய கோப்பு வருகிறது. குறிப்பிட்ட அரங்கின் குறிப்பிட்ட கருவியில், குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் திறக்கும் சாவிக்கோப்பு தனியாக மின்னஞ்சலில் வரும். அரங்கத்தார் இடையில் கருவியை மாற்றிவிட்டுச் சொல்ல மறந்தால், நிறைந்த மண்டபத்தில் வெண்திரைதான். தூதரகம் வழியே வரும் படங்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு, ஆனால் தூதரகம் எதை அனுப்பும் என்பது அந்தந்த ஆட்சியைப் பொறுத்தது. 2006இல் சாவோ பாவ்லோ திரைத்துறைச் சங்கமும் ஏற்றுமதி ஊக்குவிப்பு நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய ‘சினேமா டோ பிரசில்’ திட்டம் இந்த வேலையைச் சற்று ஒழுங்குபடுத்தியது.

தெற்காசியாவில்

2016 செப்டெம்பரில் புதுதில்லியில் பிரிக்ஸ் நாடுகளின் முதல் திரைப்பட விழா நடந்தபோது பிரேசில் படங்கள் அரச விருந்தாளிகளாக வந்தன. கேரளப் பன்னாட்டு விழாவின் கதை வேறு. 1996இல் தொடங்கியது முதல் இலத்தீன் அமெரிக்கப் படங்களுக்கு வரிசையில் நின்று இடம்பிடிக்கும் கூட்டம் அங்கே உண்டு. 2024 டிசம்பரில் அதன் தொடக்கப் படம் வால்டர் சாலஸின் ‘நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன்’. அதே விழாவில் முதற்பரிசான சுவர்ண சகோரம் பெத்ரோ ஃப்ரேய்ரேயின் ‘மாலு’ என்ற பிரேசில் படத்துக்குக் கிடைத்தது.

வட இலங்கையில் மன்னாருக்கு அருகான பெரிய விழா யாழ்ப்பாணப் பன்னாட்டுச் சினிமா விழா. 2015இல் அனோமா ராஜகருணாவின் பொறுப்பில் தொடங்கியது. போருக்குப் பின் உலகப் படங்கள் வடக்கில் திரும்பவும் பெரிய திரையில் ஓட அது வழிசெய்தது. 2018இல் ஜூட் ரட்ணத்தின் ‘டீமன்ஸ் இன் பரடைஸ்’ எதிர்ப்புக் காரணமாக அதன் நிகழ்ச்சி நிரலிலிருந்து நீக்கப்பட்டது. முந்தைய ஆண்டு கானில் காட்டப்பட்ட படம் அது. படம் எடுப்பவர் நாட்டில்தான் தணிக்கை என்றில்லை, விழா நடக்கும் ஊரும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது.

சாலஸின் படம் மன்னாரில் வேறு விதமாகப் பார்க்கப்பட வேண்டியது. 1971 ஜனவரியில் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ரூபென்ஸ் பைவாவை ரியோவிலுள்ள அவர் வீட்டிலிருந்து இராணுவத்தார் விசாரணைக்கென்று அழைத்துப் போயினர். அவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. மனைவி யூனிஸ் சட்டம் படித்து, இருபத்தைந்து ஆண்டு கழித்து 1996இல் மரணச் சான்றிதழைக் கையில் வாங்கினார். படத்தில் அதைப் பெறும்போது அவர் முகத்தில் தெரிவது ஏறக்குறைய நிம்மதி. இலங்கையில் நிலைமை தலைகீழ். 2016இல் வந்த சட்டத் திருத்தம், மரணச் சான்றிதழுக்குப் பதிலாக ஆள் காணப்படவில்லை என்று உறுதிசெய்யும் சான்றிதழ் ஒன்றை ஏற்படுத்தியது. எந்தத் தாளும் வேண்டாம், ஆளுக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள் என்று வடக்குத் தாய்மார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, அரசின் சொந்தக் கணக்குகளை ஒப்பிட்டு, வன்னியில் 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று நல்லிணக்க ஆணைக்குழு முன் கேட்ட கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. யூனிஸாக நடித்த ஃபெர்னாண்டா டோரெஸும், முதுமையில் அதே பாத்திரமாக வரும் அவர் தாய் ஃபெர்னாண்டா மொண்டெநெக்ரோவும் மிகக் குறைவாகவே அழுகிறார்கள்.

அண்மை ஆண்டுகள்

2019 ஜனவரியில் பொல்சொனாரோ அரசு பண்பாட்டு அமைச்சையே கலைத்தது. பெட்ரோப்ராஸ் கலை ஆதரவைக் குறைத்தது. 2021 ஜூலையில் சாவோ பாவ்லோவில் தேசியத் திரைப்படக் காப்பகத்தின் கிடங்கு ஒன்று தீப்பிடித்தது, ஊழியர்கள் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். 2023 ஜனவரியில் லூலா அரசு அமைச்சைத் திரும்ப அமைத்தது. 2025 மார்ச்சில் சாலஸின் படம் சிறந்த பன்னாட்டுப் படத்துக்கான ஒஸ்காரைப் பெற்றது, பிரேசிலுக்கு இவ்வகையில் முதல் முறை. அதே ஆண்டு மே மாதம் கானில் க்ளேபர் மென்டோன்சா ஃபில்யோவின் ‘ரகசிய முகவர்’ சிறந்த நெறியாளர், சிறந்த நடிகர் விருதுகளை வென்றது.

இத்தகைய படங்களைப் பெரிய விநியோகஸ்தர்கள் உடனே வாங்கிவிடுகிறார்கள். சிறிய பிரேசில் விழா ஒன்றுக்கு அவை எட்டாத விலைக்குப் போகும், அல்லது விழாவுக்கு முன்பே இணையத்தில் வந்துவிடும். ‘மாலு’ போன்ற சிறு படங்களையும், ‘பர்ராவெந்தோ’ போன்ற பழைய படங்களின் புதுப்பித்த பிரதிகளையும் தேடி எடுப்பதுதான் இவ்விழாக்களுக்கு இப்போது மிஞ்சியிருக்கும் வேலை.