படகை யார் கரையேற்றுவது?

பெர்த்தில் என்னோடு வேலை பார்க்கும் மூன்று பேர் கூட்டாக ஒரு போட் வாங்கப் போகிறார்கள். காருக்குப் பின்னால் டிரெய்லரில் இழுத்துப் போய் ஆழ்கடலில் மீன் பிடித்து, ராத்திரி அதிலேயே படுத்து எழுந்து வரவேண்டுமாம். என்னையும் நாலாவது பங்காளியாகக் கூப்பிட்டார்கள். சித்தூர்க்காரனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்! பி.காம். சேர்ந்த பிறகுதான் மெரினாவில் முதன்முதலாகக் கடலையே பார்த்தவன் நான்.

ஆனால் ஒரு வாரமாக அவர்கள் பேசுவதெல்லாம் கரையைப் பற்றித்தான். கார் எத்தனை கிலோ இழுக்கும், 750 கிலோ தாண்டினால் டிரெய்லருக்கு பிரேக் வேண்டுமே, இரண்டு பேரால் தண்ணீரில் இறக்க முடியுமா? படுக்க கேபின் வைத்தால் எடை கூடும். எடை கூடினால் பெரிய கார் வேண்டும். கேட்கக் கேட்க எனக்கு சூலூர்பேட்டை ஞாபகம் வந்துவிட்டது.

பழைய சித்தூர் மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது நெல்லூரிலிருந்து கூடூர், சூலூர்பேட்டைப் பக்கத்தை எடுத்து அதில் சேர்த்தார்கள். ஏழுமலையான் ஊருக்கு ஒரே நாளில் பழவேற்காடு ஏரியும் ஸ்ரீஹரிகோட்டாவும் வங்காள விரிகுடாவும் வந்துவிட்டன :-) துர்க்கராஜபட்டினமும் இப்போது இதில்தான். 1626-ல் இங்கிலீஷ்காரர்கள் ஆர்மகான் என்று பெயர் சொல்லிக் கடை விரித்த ஊர் அது. 1639-ல் மதராஸில் இடம் கிடைத்ததும் அடுத்த வருஷமே மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

போன இடத்திலும் துறைமுகம் இல்லை. மதராஸில் துறைமுக வேலை தொடங்கியதே 1870-களில்தான். அதுவரை கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். சரக்கும் துரைகளும் மசூலா படகில் கரைக்கு வரவேண்டும். அதில் ஆணி கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள், அலை மோதினால் உடையாமல் நெளிந்து கொடுக்கும். தண்ணீரில் விழுந்தவர்களைத் தூக்கப் பக்கத்திலேயே கட்டுமரக்காரர்கள் வருவார்கள்.

அந்தக் கட்டுமரத்தின் பெயரை டாம்பியர் என்ற கடலோடி 1697-ல் வந்த தன் புத்தகத்தில் எழுதிவைத்தார். இன்று பெர்த்தில் இரட்டை உடல் படகுக்கு அந்தப் பெயரை வைத்து விற்கிறார்கள். நம் கட்டுமரத்தில் உடலே கிடையாது, லேசான மரங்களைச் சேர்த்துக் கட்டியது, அவ்வளவுதான். தண்ணீர் இடுக்கு வழியாக வந்து போகும், அதனால் ரொம்பி மூழ்காது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, ஒவ்வொரு மரமாகத் தோளில் தூக்கிப் போய்க் காயவைக்கலாம். டிரெய்லரே வேண்டாம். அப்பனும் மகனும் போதும். ஆனால் முழங்கால் வரை ஈரம், ஐஸ் பெட்டிக்கு இடமில்லை, ராத்திரி தங்குவது பெரும்பாடு.

அந்தக் குறையைத் தீர்க்க ரொம்பப் பேர் முயன்றார்கள். 1979-ல் ஐ.நா. உணவு விவசாய அமைப்பு ஸ்வீடன் பணத்தில் மதராஸைத் தலைமையிடமாக வைத்து வங்காள விரிகுடா மீன்வளத் திட்டம் ஆரம்பித்தது. அலையைத் தாண்டிக் கரையேறக்கூடிய மோட்டார் படகு அதன் வேலைகளில் ஒன்று. மணலில் ஏறும்போது புரொப்பல்லர் அடிபடும் என்பதால் அதை மேலே தூக்கிக்கொள்ளும்படி வடிவமைத்தார்கள். அருமையான யோசனை. ஆனால் எஞ்சினும் ஐஸ் பெட்டியும் ஏறினால் எடையும் கூடவே ஏறுமே.

பிறகு 2004 டிசம்பர் 26. சுனாமி கட்டுமரங்களை அடித்துக்கொண்டு போனது. நிவாரணமாகவும் கடனாகவும் கரையெல்லாம் ஃபைபர் போட்டுகள் வந்தன. நான் அப்போது அந்தப் பக்கம் ஒரு கிளையில் புது ஆபீசர். பட்டப்பு மீனவர் ஒருவர் வந்தார். அவர்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு கலந்த ஒரு மாதிரித் தமிழ்.

"சார், எனக்கு மரம் வாங்க மட்டும் கடன் குடு. ஃபைபர் வோணாம். அத்தத் தள்ள எட்டு ஆளு வோணும், எங்க ஊட்ல ரெண்டு ஆளுதான்" என்றார்.

மரத்துக்கு ஸ்கீம் இல்லை, ஃபைபர் போட்டுக்குத்தான் இருக்கிறது என்றேன். பைபாஸ் சாலையில் மாம்பழக் கடை வைக்க வந்தவரிடம் பேசுவது மாதிரி வட்டி, தவணை, மானியம் எல்லாம் விளக்கினேன். பெரியவர் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன்.

ஒன்றரை வருஷம் கழித்துத் தவணை நின்றுபோய், இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போனேன். போட் மணலில் கவிழ்ந்து கிடந்தது, நிழலில் இரண்டு ஆடுகள். கடலில் எந்தக் குறையும் இல்லையாம், நன்றாகவே ஓடியதாம். தினம் தள்ளிவிடவும் இழுத்துப்போடவும் வருகிறவர்களுக்கு மீனில் பங்கு கொடுக்கவேண்டும், அதுபோக எண்ணெய்ச் செலவு. மீதியில் தவணை எங்கிருந்து கட்டுவது? மகன் மெட்ராஸுக்கு வேலைக்குப் போய்விட்டான். பெரியவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். ரிப்போர்ட்டில் 'கடன்தாரர் தொழிலில் அக்கறை காட்டவில்லை' என்று எழுதினேன். அந்த வரியை எழுதியவன் நான்தான், மேலாளர் சொல்லி எழுதவில்லை.

இங்கே என் பங்குப் பணத்தை இன்னும் கட்டவில்லை. நாலு பேரில் இரண்டு பேர் வராத நாளில் போட்டை யார் மேலே இழுப்பது என்று மட்டும் நேற்று கேட்டேன். டிரெய்லரிலேயே வின்ச் இருக்கிறது, ஒரு ஆள் போதும் என்றார்கள்.