சீகிரியாவின் பெயர் தெரியாத ஓவியரும் பெயர் தெரிந்த எங்கள் ஓவியர்களும்

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் வந்து, தம்புள்ளையில் ஹபரணைப் பக்கம் திரும்பி, இனாமலுவச் சந்தியிலிருந்து கிழக்கே சுமார் பத்துக் கிலோமீற்றர் போனால் சீகிரியா. எங்களில் பலருக்கு அது வரலாற்றுப் பாடப்புத்தகத்தில் வந்த ஒரு படம். தகப்பன் தாதுசேனனைக் கொன்ற காசியப்பன், தம்பி முகலனுக்குப் பயந்து குன்றின் மேல் கட்டிய கோட்டை. அவன் ஆட்சி கி.பி. 477 முதல் 495 வரை. பரீட்சைக்கு அவ்வளவும் போதுமாக இருந்தது. அந்தப் பாடத்தில் ஓவியரைப் பற்றி ஒரு வரியும் இருந்ததாக நினைவில்லை.

இரும்புச் சுருள்படியில் ஏறினால் பாறைக் குடைவுக்குள் அந்தப் பெண்கள் நிற்கிறார்கள். இடைக்குக் கீழே முகில், கைகளில் பூ. இன்று எஞ்சியிருப்பவை இருபதை ஒட்டிய உருவங்கள்தான். பாறையின் மேற்கு முகம் முழுவதும் ஒரு காலத்தில் ஓவியமாக இருந்திருக்கலாம் என்று 1907இல் ஜோன் ஸ்டில் எழுதினார். கண்ணாடிச் சுவரில் பழங்காலப் பார்வையாளர்கள் கீறிவைத்த பாடல்கள் ஐந்நூறு பெண்களைப் பற்றிப் பேசுகின்றன.

இந்தப் பெண்கள் யார் என்பதில் அறிஞர்களுக்குள் பெரும் சண்டை. பிதுரங்கல விகாரைக்குப் பூக்கொண்டு போகும் அரண்மனைப் பெண்கள் என்றார் எச்.சி.பி. பெல். அப்சரஸ்கள் என்றார் சேர் முத்து குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி. முகிலும் மின்னலும் பெண்ணுருவில் வந்தவை என்றார் பரணவிதான. தாரா தேவி என்றார் ராஜா டி சில்வா. வரையப்பட்டவர்களுக்குச் செலவழிந்த மை, வரைந்தவருக்குச் செலவாகவில்லை.

ஆனாலும் அவரைப் பற்றிச் சில விடயங்களைச் சுவரே சொல்கிறது. பாறையில் முதலில் பூசப்பட்டிருப்பது களிமண். வெடித்து உதிராமல் இருக்க அதனுள் உமியும் நாரும் கலந்திருக்கிறார்கள். அதன் மேல் சுண்ணாம்புப் பூச்சு. வீட்டுக்கு மண்சுவர் வைத்த எவருக்கும் இந்தப் பக்குவம் அந்நியமாக இராது. வர்ணங்கள் பெரும்பாலும் காவிச் சிவப்பு, மஞ்சள், மண்பச்சை, கறுப்பு. நீலம் இல்லையென்றே சொல்லலாம். கீழே வயலும் குளமுமாக இருந்த ஒரு நாட்டின் மண்ணும் நெல்லுமே மேலே ஓவியமாக நிற்கின்றன. ஓர் உருவத்தில் கையை ஓரிடத்தில் வரைந்து, பிடிக்காமல் இன்னோரிடத்துக்கு மாற்றியிருக்கிறார். பழைய கோடு இன்னும் தெரிகிறது. அந்தப் பிழை திருத்திய கோட்டைப் பார்த்தபோதுதான், இங்கே சம்பளத்துக்கு வேலை செய்த ஒரு மனிதர் சாரத்தில் நின்றிருக்கிறார் என்பது எனக்கு உறைத்தது.

இவ்வளவாவது எங்களுக்குத் தெரிவதற்குக் காரணம், பின்னால் வந்தவர்கள் செய்த வேலை. 1889இல் பொதுவேலைத் திணைக்களத்தைச் சேர்ந்த மறே என்பவர் குடைவுக்குள் ஏறிப் பிரதி வரைந்தார். 1890களில் பெல்லின் கீழ் பணியாற்றிய டி.ஏ.எல். பெரேரா மீண்டும் பிரதி எடுத்தார். பரணவிதான கண்ணாடிச் சுவரின் 685 பாடல்களை வாசித்து 1956இல் இரு தொகுதிகளாக வெளியிட்டார். 1967 ஒக்டோபரில் யாரோ இரவில் ஏறிப் பச்சை மையை ஊற்றி ஓவியங்களைச் சிதைத்தபோது, இத்தாலியிலிருந்து லூசியானோ மரன்சி என்ற நிபுணர் வரவழைக்கப்பட்டார். 1982இல் யுனெஸ்கோ இந்த இடத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஆயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முந்திய, பெயர் தெரியாத ஒருவரின் கைவேலைக்கு இத்தனை பேர் காவல். அது சரியானதுதான். எனக்கு அதில் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய்.

ஏனென்றால் எங்களிடம் பெயர் தெரிந்த, ஊர் தெரிந்த, நாங்கள் நேரில் பார்த்த ஓவியர்களின் படங்களே இல்லை. குருநகரைச் சேர்ந்த அ. மாற்கு (1933–2000) அதற்கு முதல் உதாரணம். யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறைக்கு அவர் ‘மாற்கு மாஸ்டர்’. பின்னாளில் மட்டக்களப்பில் பெண்களின் வாழ்வை வரைந்துவரும் வாசுகி ஜெயசங்கர் அவரிடம் பயின்றவர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் கால்நடையாக வெளியேறியதே, அந்த இடப்பெயர்வில் மாற்குவின் படைப்புகளில் பெரும்பகுதி தொலைந்து போனது. அன்று நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்களுக்குத் தெரியும், கையில் என்ன எடுக்க முடிந்தது என்று. பிள்ளை, அடையாள அட்டை, காணி உறுதி, கொஞ்சம் அரிசி. ஓவியத்தை யார் தூக்குவது?

அந்த ஓட்டத்தில் கைக்கு அகப்பட்டவற்றையும் விடுபட்டவற்றையுமே பொருளாகக் கொண்டு வேலை செய்தவர் தா. சனாதனன். 1969இல் பிறந்தவர், டெல்லியில் ஓவியம் கற்றவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிப்பவர். சமாதானக் காலத்தில், 2004இல், யாழ். பொது நூலகத்தில் ‘அகம் புறம்’ கண்காட்சி நடந்தது. 1981இல் எரிக்கப்பட்டு மீளக் கட்டப்பட்ட அதே கட்டடம். அதில் சனாதனன் வைத்தது தூரிகையால் வரைந்த படம் அல்ல, வீடு வீடாகக் கேட்டு வாங்கிய பொருட்கள். புத்தகங்கள் எரிந்த இடத்தில் மக்களின் வீட்டுச் சாமான்களைப் போத்தல்களில் அடுக்கி ஒரு நூலகம் செய்தார் என்றே அதை நான் வாசிக்கிறேன்.

2011இல் அவர் வெளியிட்ட ‘முடிவுறாத தோம்பு’ இன்னும் ஆழமானது. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு, எங்கள் காணி உறுதிகளில் இன்றும் வரும் சொல். இடம்பெயர்ந்த தமிழ், முஸ்லிம் மக்கள் எண்பது பேரிடம், விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து கீறித் தரும்படி கேட்டார். கிணறு எங்கே, குசினி எங்கே, மாமரம் எந்த மூலையில் என்று ஆளாளுக்குக் கீறினார்கள். அந்தக் கோடுகளைக் கட்டடக் கலைஞர் முறையான வரைபடமாக்க, அதன் மேல் சனாதனன் தன் சித்திரத்தைச் சேர்த்தார். ஒரே வீடு மூன்று கைகளால் வரையப்பட்டிருக்கிறது. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் வீட்டை விட்டவர்களுக்கு அந்த முதல் கை எவ்வளவு நடுங்கியிருக்கும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

அடுத்த தலைமுறையில் ஜஸ்மின் நிலானி ஜோசப் திரும்பத் திரும்ப வரைவது வேலியை. மட்டக்களப்பின் பாக்கியராஜா புஷ்பகாந்தனிடம் காயமும் காணாமல் ஆக்கப்பட்டவர்களும். இவர்களை எல்லாம் ‘போர் ஓவியர்’ என்ற ஒரே பெட்டிக்குள் போடுவது கொழும்புக் கலைக்கூடங்களுக்கும் வெளிநாட்டு விமர்சகர்களுக்கும் வசதி. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. யாழ்ப்பாணத்தில் வேலி போருக்கு முந்தியது. கதியாலும் கிடுகும் சாதியையும் மானத்தையும் பிரித்துக் காத்தவை, முள்ளுக்கம்பி பிறகு வந்தது. அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் அந்தக் கோட்டை வாசிக்க முடியாது.

பின்புலம் என்றால் வடக்கு கிழக்கு மட்டும் என்றும் ஆகிவிடக்கூடாது. சீகிரியா இருக்கும் மாத்தளை மாவட்டத்தின் ஊடாகவே, மன்னாரில் கரையிறங்கிய கோப்பிக் கூலிகள் தம்புள்ளை, நாலந்தை வழியாக மலையேறினார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. அவர்கள் வழிவந்த மலையகத்திலிருந்து ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைச் சாயத்தையும் தேயிலைப் பையையும் கொண்டு வேலை செய்கிறார். கடையில் வாங்கிய வர்ணம் சொல்லாததை அந்தக் கறை சொல்கிறது. உமியும் களிமண்ணும் குழைத்த பழைய ஓவியரிடமிருந்து இதுவரை வரும் கோடு ஒன்றை நான் இங்கே காண்கிறேன்: நிலம் தந்ததையே சுவரிலும் தாளிலும் வைப்பது.

ஆனால் தேயிலைக் கறை மங்கும். தாள் கறையானுக்குப் போகும். வடக்கிலோ கிழக்கிலோ மலையகத்திலோ இவற்றை ஈரப்பதம் பார்த்துப் பாதுகாக்கும் ஒரு பொதுக் கலைக்கூடத்தை நான் கண்டதில்லை. நல்ல படங்கள் விற்பனையாகி வெளிநாட்டுச் சேகரிப்புகளுக்குப் போகின்றன, மற்றவை ஓவியரின் வீட்டுக் கட்டிலுக்கடியில்.

மாற்குவைப் பொறுத்தவரை ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. இடப்பெயர்வுக்கு எட்டு வருடங்களுக்கு முன், 1987இல், நண்பர்கள் சேர்ந்து ‘தேடலும் படைப்புலகமும்’ என்ற சிறப்பு மலரை அவருக்காகக் கொண்டுவந்தார்கள். மறேயின் பிரதிகள் சீகிரியாவுக்கு என்னவோ, அந்த மலர் மாற்குவுக்கு அது. நூலகம் இணையத்தளத்தில் அது இப்போது வாசிக்கக் கிடைக்கிறது. அவரிடம் படித்தவர்கள், அவரிடமிருந்து படம் வாங்கியவர்கள் இன்று கனடாவிலும் பிரான்சிலும் கொழும்பிலும் இருக்கிறார்கள். உங்கள் சுவரில் ஒன்று தொங்கினால், வெளிச்சம் நேராக விழாத பகல் நேரத்தில் கைத்தொலைபேசியால் படம் எடுத்து, எந்த ஆண்டு, யாரிடம், எப்படி வந்தது என்று பின்பக்கத்தில் எழுதிவையுங்கள்.