தேர்தற் களமும் தொலைக்காட்சி மேடையும்

அரசியலுக்கு வேண்டிய ஆற்றல்களை வகுத்துரைத்த வள்ளுவர், அவையறிதலுக்கென ஓர் அதிகாரமும் அவையஞ்சாமைக்கென மற்றோர் அதிகாரமும் வைத்தார். பேசுவோன் தன்முன் இருப்போரின் தரமறிந்து பேசவேண்டும். அறிந்தபின் அஞ்சாது பேசவேண்டும். அவை கண்ணெதிரே இருக்கின்றது என்ற அடிப்படையில் எழுந்தவை இவ்விரு இலக்கணங்களும். அந்த அவை கண்ணுக்குப் புலப்படாமற் போனால் என் செய்வது? பேசுவோன் முன் சில கமராக்களும் கண்கூசும் விளக்குகளுமே இருக்க, கேட்போர் பல கோடியினராய்த் தத்தம் வீடுகளில் அமர்ந்து அவன் முகத்தை உற்றுநோக்கினால் அந்த அவையை அறிவது எவ்வாறு? இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதி அபேட்சகர்கள் எதிர்கொண்ட வினா இதுவாகும். அதற்கு அவர்கள் கண்ட விடைகளின் வரலாறு, மக்களாட்சியில் நம்பிக்கை கொண்ட எந்நாட்டவரும் அறியத்தக்கது.

நெடுங்காலமாக அந்நாட்டு அபேட்சகர்கள் ரயில் வண்டியின் பின்மேடையில் நின்று ஊரூராகப் பேசியே வாக்குக் கேட்டனர். 1948ஆம் ஆண்டிலே ஹரி ட்ரூமன் வெற்றி பெற்றதும் அவ்வாறே. இடையில் வானொலி வந்தது. 1933 மார்ச் மாதம் தொடக்கம் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வானொலி வழியே குடும்பத்தாரோடு உரையாடுவதுபோல மக்களோடு பேசினார். குரல் ஒன்றே அங்கு கருவி. பின்னர் தொலைக்காட்சி மிக விரைவாகப் பரவிற்று. 1950இல் அமெரிக்க இல்லங்களுள் நூற்றுக்கு 9 அளவிலேயே தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. 1960இல் அத்தொகை ஏறக்குறைய 87 ஆயிற்று. பத்தே ஆண்டுகளில் ஒரு நாட்டின் அவை இடம் மாறிவிட்டது.

இம்மாற்றத்தை முதலில் உணர்ந்தவர்கள் அரசியல்வாதிகளல்லர், விளம்பரக்காரர்களே. 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலே குடியரசுக் கட்சியின் அபேட்சகர் தளபதி ஐசனோவர். ரொசர் ரீவ்ஸ் என்னும் விளம்பர நிபுணர், இருபது வினாடியளவான சிறு படங்களை எடுத்துப் பெயர்பெற்ற பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளுக்கு இடையே ஒளிபரப்பும் யோசனையைக் கூறினார். குடிமகன் ஒருவன் வினாவ, தளபதி விடையிறுப்பதுபோல அவை அமைந்தன. விலைவாசி, வரி, போர் என்பனவே பொருள். உண்மையில் வினாவும் விடையும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. செப்டெம்பர் மாதத்தில் ஒரே நாளில், நியூயோர்க் கலையகமொன்றில், ஏறக்குறைய நாற்பது விடைகளைத் தளபதி பேசி முடித்தார். மூக்குக்கண்ணாடியின்றியும் படிக்கக்கூடியவாறு அட்டைகளிற் பெரிய எழுத்தில் அவ்விடைகள் எழுதப்பட்டிருந்தன. அதன் பின்னரே, நகரைக் காணவந்த பொதுமக்களை அழைத்து அவ்விடைகளுக்கேற்ற வினாக்களைக் கேட்கச் செய்து படமெடுத்து ஒட்டினர். விடை முதலில், வினா பின்னர்! போர்முனையிற் பெருஞ்சேனைகளை நடத்திய அம்முதியவர், ஒரு போர்வீரனின் நிலை இவ்வாறும் ஆயிற்றே என வியந்து நொந்துகொண்டார் என்பர்.

அவரை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சியின் அட்லாய் ஸ்டீவன்சன் சிறந்த சொல்வல்லுநர். அவர் இரவு பத்தரை மணிக்கு அரைமணி நேரம் விலைக்கு வாங்கி நீண்ட உரைகளை ஆற்றினார். பல வேளைகளில் உரை முடியுமுன்னரே நேரம் முடிந்துவிடும். கருத்தின் முடிபு மக்களை எட்டாது. நாட்டின் உயர்பதவிக்கு உரியோரைக் காலையுணவுத் தானியத்தைப்போல விற்பது மக்களாட்சிக்கு நேர்ந்த இழிவு என்று 1956இல் அவர் கண்டித்தார். கண்டனம் நியாயமானதே. ஆயினும் அவ்வாண்டில் அவர் கட்சியும் விளம்பர நிறுவனத்தின் துணையின்றித் தேர்தலுக்கு நிற்கவில்லை.

1952ஆம் ஆண்டின் மற்றொரு நிகழ்ச்சி பின்வந்த வரலாற்றுக்கு வித்தாகும். ஐசனோவருடன் உப ஜனாதிபதி பதவிக்கு நின்ற ரிச்சட் நிக்சன், ஆதரவாளர் திரட்டிய நிதியொன்றின் காரணமாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். செப்டெம்பர் 23ஆம் நாள் அவர் தொலைக்காட்சியில் தோன்றித் தம் குடும்பத்தின் வரவு செலவைக் கணக்கிட்டுக் காட்டினார். மனைவியார் அருகே அமர்ந்திருந்தார். பிள்ளைகளுக்குப் பரிசாக வந்த செக்கர்ஸ் என்னும் நாயை மட்டும் திருப்பிக் கொடுப்பதற்கில்லை என்றார். ஆறு கோடி மக்கள் அதனைக் கண்டனர். ஆதரவுத் தந்திகள் வந்து குவிந்தன, பதவி தப்பியது. தொலைக்காட்சி தமக்கு இயல்பாகக் கைவந்த கலை என்ற எண்ணம் நிக்சனின் உள்ளத்தில் வேரூன்றியது அந்நாளிலேதான். எட்டாண்டுகளின் பின்னர் அவ்வெண்ணமே அவருக்கு இடராயிற்று.

1960இல் நிக்சன் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி அபேட்சகர். ஜனநாயகக் கட்சியின் அபேட்சகர் செனற்றர் ஜோன் கெனடி. இருவரையும் ஒரே மேடையிற் பேசவைக்க ஒளிபரப்பு நிலையங்கள் விரும்பின. ஓர் அபேட்சகருக்கு நேரம் அளித்தால் சிறு கட்சிகள் உட்பட அனைவருக்கும் சமநேரம் அளிக்கவேண்டுமென 1934ஆம் ஆண்டின் சட்டம் விதித்திருந்தது. அவ்விதியைக் காங்கிரஸ் சபை அத்தேர்தலுக்கு மட்டும் நிறுத்திவைத்தது. நான்கு விவாதங்கள் நடைபெற இணக்கம் ஏற்பட்டது. எட்டாண்டு உப ஜனாதிபதியாயிருந்து உலகறிந்தவர் நிக்சன். அனுபவம் குறைந்தவர் என்று தாக்கப்பட்டவர் கெனடி. சமமான மேடையில் நின்றாலே கெனடிக்குப் பாதி வெற்றி என்பதை அவருடைய ஆலோசகர்கள் அறிந்திருந்தனர்.

முதல் விவாதம் செப்டெம்பர் 26ஆம் நாள் சிக்காகோ நகரிலே நடைபெற்றது. அதற்கு இருவரும் ஆயத்தமாகிய விதமே இவ்வரலாற்றின் முக்கிய பகுதி. கெனடி முன்னரே நகரை அடைந்து விடுதியறையில் உதவியாளரோடு அமர்ந்தார். எழக்கூடிய வினாக்களும் புள்ளிவிபரங்களும் அட்டைகளில் எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொன்றாக வினாவி விடை பயின்றார். இடையே வெயிலிற் காய்ந்து ஓய்வெடுத்தார். நிக்சனோ, ஐம்பது மாநிலங்களிலும் பிரசாரஞ் செய்வேன் என்று கொடுத்த வாக்குறுதிக்குக் கட்டுண்டவர். ஓகஸ்ட் மாதத்தில் மோட்டார் வண்டியின் கதவில் முழங்கால் அடிபட்டு, காயம் நச்சுற்று, ஏறக்குறைய இரு வாரம் வைத்தியசாலையிற் கிடந்தார். எழுந்தபின் இழந்த நாட்களை ஈடுசெய்ய இரவும் பகலும் ஓடினார். விவாதத்தன்று காலையிலும் தச்சுத் தொழிலாளர் சங்கக் கூட்டமொன்றிற் பேசினார். தொலைக்காட்சி ஆலோசகரான ரெட் ரொஜர்ஸ் அவரோடு கலந்தாலோசிக்க வாய்ப்பே பெறவில்லை. கலையக வாயிலில் இறங்குகையில் அதே முழங்கால் மீண்டும் அடிபட்டது.

கலையகத்திலே இருவரும் ஒப்பனை வேண்டாமென்றனர். ஆயினும் கெனடிக்கு அவருடைய ஆளே இலேசான பூச்சுப் பூசினார். நிக்சனின் தாடிக் கருமையை மறைக்கக் கடையில் விற்கும் பூச்சொன்று அவசரமாகத் தடவப்பட்டது. நோயினால் மெலிந்தமையாற் சட்டைக் கழுத்துத் தளர்ந்து நின்றது. அவருடைய வெளிறிய சாம்பல் நிற உடை பின்திரையோடு ஒன்றிற்று. கெனடியின் கரிய உடை அவரைத் திரையினின்றும் பிரித்துக் காட்டிற்று. நிக்சன் எதிராளியை நோக்கி, வாதத்துக்கு வாதமாக விடையளித்தார். கெனடி கமராவை நோக்கி நாட்டு மக்களிடம் பேசினார். ஒருவர் பேசும்போது மற்றவர் முகத்தையும் இடையிடையே காட்டினர். அவ்வேளைகளில் நிக்சன் வியர்வை துடைப்பதை ஏறக்குறைய ஏழு கோடி மக்கள் கண்டனர்.

அன்றிரவு வானொலியிற் கேட்டோர் நிக்சனே வென்றார் என்றும், தொலைக்காட்சியிற் கண்டோர் கெனடியே வென்றார் என்றும் கருதியதாக ஒரு செய்தி இன்றுவரை வழங்கி வருகின்றது. இதற்கு ஆதாரம் ஒரேயொரு கருத்துக்கணிப்பே. அதில் வானொலி கேட்டோர் முந்நூறு பேர்கூட இல்லை. அவர்கள் முன்னரே எவர் பக்கம் சார்ந்தவர்கள் என்பதும் தெளிவாக்கப்படவில்லை. ஆதலால் அதனை நிறுவப்பட்ட உண்மையாகக் கொள்வதற்கில்லை என ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆனால் அச்செய்தியை நம்பியவர்கள், அடுத்து வந்த தேர்தல்களை அந்நம்பிக்கையின் மீதே திட்டமிட்டனர். உண்மையினும் நம்பப்பட்டதே வரலாற்றை நடத்துவதும் உண்டு.

எஞ்சிய மூன்று விவாதங்களில் நிக்சன் தேறினார். உடலைத் தேற்றினார், ஒப்பனைக்கும் உடன்பட்டார். இரண்டாம் விவாதத்தில் அவர் வியர்க்காதிருக்கக் கலையகம் குளிர்விக்கப்பட்டது என்றும், கெனடியின் ஆட்கள் அதனை மீண்டும் வெப்பமாக்கினர் என்றும் கூறுவர். மூன்றாம் விவாதத்தில் ஒருவர் நியூயோர்க்கிலும் மற்றவர் லொஸ் ஏஞ்சலிசிலும் இருந்து பேசினர். ஆயினும் முதல் விவாதத்தைக் கண்ட அளவு மக்கள் பின்னையவற்றைக் காணவில்லை. நவம்பரிலே ஏறக்குறைய 6 கோடி 88 இலட்சம் வாக்குகளில், ஒன்றேகால் இலட்சத்துக்கும் குறைந்த வாக்குகளால் கெனடி முந்தினார். இவ்வளவு நெருங்கிய தேர்தலில் எக்காரணத்தையும் தனிக்காரணம் எனலாம். எதனையும் அன்று எனலும் ஆகும். நிக்சன் தாம் கண்ட படிப்பினையை 1962இல் நூலொன்றில் எழுதினார்: பொருளிற் செலுத்திய கவனத்தைத் தோற்றத்திற் செலுத்தத் தவறினேன் என்பது அதன் கருத்து.

அப்படிப்பினையின் முழு விளைவை 1968ஆம் ஆண்டு கண்டது. நிக்சன் மீண்டும் அபேட்சகரானார். இம்முறை அவர் விவாதத்துக்கே இணங்கவில்லை. விளம்பரத் துறையினரான ஹரி ட்ரெலீவன், தொலைக்காட்சி நிறுவனமொன்றிலிருந்து வந்த பிராங்க் ஷேக்ஸ்பியர், இருபத்தெட்டே வயதினரான தயாரிப்பாளர் ரொஜர் ஏல்ஸ் முதலியோர் அவர் தோற்றங்களைத் திட்டமிட்டனர். வட்டமான மேடையின் நடுவே, மேசையுமின்றிக் குறிப்புமின்றி நிக்சன் தனியே நிற்பார். குடிமக்கள் சிலர் அவரை வினாவுவர். சூழ அமர்ந்தோர் சில நூற்றுவர் கைதட்டுவர். காண்போருக்கு, ஒரு மனிதன் தன்னந்தனியே அஞ்சாது நின்று எவ்வினாவையும் ஏற்பதாகவே தோன்றும்.

வினாக்கள் முன்கூட்டி எழுதிக்கொடுக்கப்பட்டவையல்ல. ஆனால் வினாவுவோரை அபேட்சகரின் ஆட்களே தேர்ந்தெடுத்தனர். சூழ அமர்ந்தோர் கட்சிக்காரர்கள். பத்திரிகை நிருபர்களுக்குக் கலையகத்துள் இடமில்லை. வேறோர் அறையில் இருந்து திரையிற் பார்க்கலாம். நிகழ்ச்சி ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் தனித்தனியே ஒளிபரப்பாயிற்று; ஆகவே ஓரிடத்தில் நன்கு அமைந்த விடையை அடுத்த இடத்திலும் கூறலாம். விளக்கின் ஒளி, கமராவின் கோணம், முகத்தின் வியர்வை யாவும் ஒவ்வொரு நிகழ்ச்சியின் பின்னும் ஆராயப்பட்டன. ஜோ மக்கினிஸ் என்னும் இளம் எழுத்தாளர் உடனிருந்து கண்டவற்றை 1969இல் நூலாக வெளியிட்டபோதே மக்கள் மேடையின் மறுபுறத்தை அறிந்தனர்.

இத்தனை திட்டமும் என்ன பயன் தந்தது? நிக்சன் வென்றார் என்பது உண்மை. ஆனால் கணக்கு வேறொன்றையும் கூறுகின்றது. செப்டெம்பர் இறுதியில் கலப் கருத்துக்கணிப்பிலே அவருக்கு நூற்றுக்கு 43 பேரின் ஆதரவு இருந்தது. எதிர் அபேட்சகரான ஹியூபட் ஹம்பிறிக்கு 28. தேர்தல் முடிவிலோ நிக்சன் பெற்றது 43.4, ஹம்பிறி பெற்றது 42.7. பிழையின்றி நடத்தப்பட்ட காட்சிகள் நிக்சனைக் கீழே விழாது காத்தன, மேலே உயர்த்தவில்லை. பணமும் ஒழுங்கும் குறைந்து தள்ளாடிய ஹம்பிறி, செப்டெம்பர் 30ஆம் நாள் சோல்ற் லேக் நகரிலிருந்து தொலைக்காட்சியில் வியட்நாம் போர் பற்றிப் பேசினார். சமாதானத்தின் பொருட்டுக் குண்டுவீச்சை நிறுத்தும் துணிவை ஏற்பதாக அவர் கூறிய அவ்வுரையோடு அவர் ஏற்றம் தொடங்கிற்று. தொழிற்சங்கங்களின் உழைப்பும், ஒக்டோபர் இறுதியில் ஜனாதிபதி ஜோன்சன் குண்டுவீச்சை நிறுத்தியதும் அதற்குத் துணைநின்றன. ஒரு கூட்டத்தார் முகத்துக்கு ஒளி தேடினர். மற்றவர் நாட்டை வாட்டிய வினாவுக்கு விடை கூற முயன்றார். மக்கள் இரண்டையும் கண்டனர்.

1960க்குப் பின்னர் மூன்று தேர்தல்களில் விவாதமே நடைபெறவில்லை. 1976இல் போட்டும் காட்டரும் சந்தித்தபோதே அது மீண்டது. அன்றைய முதல் விவாதத்தில் ஒலிக்கருவி பழுதுற, இருவரும் இருபத்தேழு நிமிடம் ஒன்றும் பேசாது நின்றனர். முன்னேற்பாட்டாற் பயின்றுவைக்க இயலாத மௌனம் அது. 1968இல் மேடையமைத்த ஏல்ஸ், 1984இல் ரேகனுக்கும் 1988இல் புஷ்ஷுக்கும் ஆலோசகராயினார். அவர் தொழில் ஒரு துறையாகவே வளர்ந்தது. இலங்கையிலும் 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தோன்றிய அதே ஆண்டின் ஒக்டோபரில், மக்கள் நேரே வாக்களித்த முதல் ஜனாதிபதித் தேர்தல் நடைபெற்றது. பிறநாட்டார் இருபதாண்டு கற்ற பாடம் ஒரே ஆண்டில் இந்நாட்டின் வாயிலிலும் வந்து நின்றது.

அபேட்சகர் ஒருவர் நன்கு உடுத்து, நன்கு பயின்று, தெளிவாகப் பேச முயல்வது குற்றமன்று. அவையறிதல் என்பதும் அதுவே. தமக்கு இயைந்தோரை மட்டும் அவையாகக் கூட்டி, அதனையே நாட்டின் அவையெனக் காட்டும்போதே குற்றம் தொடங்குகின்றது. விடையை முதலில் எழுதி வினாவைப் பின்னர் ஒட்டிய 1952ஆம் ஆண்டின் படமும், கைதட்டுவோரைத் தேர்ந்து அமர்த்திய 1968ஆம் ஆண்டின் மேடையும் அவ்வகையின. அதற்கு மாற்று, காண்போர் கையிலேயே உள்ளது. திரையில் ஒருவர் தோன்றும்போது அவர் முகம் எப்படியிருந்தது என்பதோடு நில்லாமல், அவரை வினாவியவர் யார், வினாவ விடப்படாதவர் யார், கேட்கப்படாத வினா எது என்று ஆராயும் மக்கள் உள்ள நாட்டிலே, எந்த மேடையமைப்பாளனும் ஓரளவுக்கு மேல் வெல்ல இயலாது.