துணை விமானிப் பயிற்சிக் கட்டணம்

வணிக விமானி உரிமம் பெற்றவர் ஜெட் விமானத்தின் வலப்பக்க இருக்கையில் துணை விமானியாக அமர, அந்த ரக விமானத்துக்கென்று தனிப் பயிற்சி முடிக்க வேண்டும். துறையில் இதை டைப் ரேட்டிங் என்பார்கள். அதற்கும், அதன்பின் பயணிகளோடு பறந்து சேர்க்கும் அனுபவத்துக்கும் ஆகும் செலவே இங்கே பேசப்படுவது. இந்தியாவில் 1990-கள் வரை பெரும்பாலும் விமான நிறுவனமே இதை ஏற்றது. இன்று பெரும்பாலும் மாணவரின் குடும்பம் ஏற்கிறது.

தொடக்க வரலாறு

தமிழகத்தில் விமானம் ஓட்டுவது முதலில் வசதி படைத்தவர்களின் ஆசையாகவே இருந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ், சிம்ப்சன் நிறுவனத்தைக் கொண்டு ஒரு விமானம் செய்வித்து 1910-இல் பறந்து காட்டினார். ரைட் சகோதரர்களின் முதல் பறப்புக்கு அப்போது ஏழு ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. 1920-களின் இறுதியில் அரசு மானியத்தோடு பறக்கும் கழகங்கள் வந்தன. பம்பாயில் பயின்ற ஜே.ஆர்.டி. டாட்டா 1929 பிப்ரவரி 10 அன்று, இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தைப் பெற்றார். 1930-ஐ ஒட்டி மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் பரங்கிமலைப் பக்கம் பயிற்சியைத் தொடங்கியது. 1932 அக்டோபர் 15 அன்று டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவர, அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதை எடுத்து வந்தவர் நெவில் வின்சென்ட். டாட்டாவின் அந்த முதல் விமானத் தபால் பாதை சென்னையில்தான் முடிந்தது.

அந்தக் கழகங்களில் உறுப்பினர் கட்டணம் உண்டு, பறக்கும் மணிக்குக் காசும் உண்டு. ஆனால் ஒரு பங்கை அரசு மானியம் தாங்கியது. விடுதலைக்குப் பின் அரசின் கை இன்னும் நீண்டது. 1948-இல் அலகாபாத்தில் சிவில் விமானப் பயிற்சி மையம் அமைந்தது. பெங்களூரு ஜக்கூரில் மைசூர் அரசின் பறக்கும் பள்ளி இயங்கியது. சென்னையைச் சேர்ந்த உஷா சுந்தரம் 1949-இல் அங்கே பயிற்சி முடித்து, சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானி எனப் பெயர் பெற்றார். சென்னை அரசு வாங்கிய டவ் விமானத்தை 1951-இல் அவரும் கணவர் வி. சுந்தரமும் லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தது அக்காலத்தின் பெரும் சாதனை. 1980-களின் நடுவில் உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் இந்திரா காந்தி தேசிய பறக்கும் அகாதமி வந்தது.

1953-இல் விமானப் போக்குவரத்து தேசியமயமானது. உரிமத்தோடு வந்தவரை இந்தியன் ஏர்லைன்ஸ் தேர்ந்தெடுத்து, ஐதராபாத்தில் இருந்த தன் மையப் பயிற்சி நிலையத்தில் ரகப் பயிற்சி கொடுத்தது. வேலை முதலில், ஜெட் பயிற்சி பிறகு. இதுவே முறையான வரிசை. 1994-இல் தேசியமயச் சட்டம் நீக்கப்பட்டுத் தனியார் நிறுவனங்கள் பெருகின. 2003-இல் ஏர் டெக்கான் வந்தபின் குறைந்த கட்டணப் போட்டி மூண்டது. பயிற்சிச் செலவைக் குறைக்க நிறுவனங்கள் கண்ட எளிய வழி, அதை வேலை தேடுபவர் தலையில் வைப்பது. வரிசை தலைகீழானது அந்தப் பத்தாண்டில்தான்.

பயிற்சியின் அமைப்பு

வணிக உரிமத்துக்கு 18 வயதும், பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும், முதல் வகுப்பு மருத்துவத் தகுதியும் வேண்டும். மொத்தம் 200 மணி நேரம் பறக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பேற்று ஓட்டியதாக இருக்க வேண்டும். இவ்வளவும் பெரும்பாலும் செஸ்னா போன்ற சிறு விமானத்தில் நடப்பது. அதை முடித்தவருக்கு ஏர்பஸ் ஏ320 வேறொரு உலகம்.

ரகப் பயிற்சி பெரும்பகுதி சிமுலேட்டரில் நடக்கிறது. ஹைட்ராலிக் கால்களில் நிற்கும் பெட்டி, உள்ளே அசல் விமானி அறை. ஒரு அமர்வு சுமார் நான்கு மணி நேரம். இருவர் மாறி மாறி ஓட்டுவார்கள். ஓடுபாதையில் வேகம் ஏறி, இனி நிறுத்த முடியாது என்ற 'வி1' எல்லையைக் கடந்த நொடியில் பின்னால் அமர்ந்த பயிற்றுநர் ஒரு எஞ்சினை அணைப்பார். மூக்கு ஒரு பக்கம் இழுக்கும். எதிர்ப்பக்கக் காலால் ரட்டரை மிதித்து, கோட்டை விட்டு விலகாமல், மற்றவர் வேகத்தைச் சொல்லச் சொல்ல மேலெழுப்ப வேண்டும். கை பழகும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். பயிற்சியின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் அதற்குப் பிந்தையது.

தேர்ச்சி அப்படியே தங்கிவிடுவதில்லை. பணியில் உள்ள விமானிக்கே ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டர் சோதனை உண்டு. வேலையில்லாதவர் தன் காசில் மீண்டும் மீண்டும் புதுப்பிக்க வேண்டும். ஏ320-க்கு எடுத்த தகுதி போயிங் 737-க்கு உதவாது, ஏடிஆர் விமானத்துக்கும் உதவாது. எந்த நிறுவனம் எந்த ரகத்துக்கு ஆள் எடுக்கும் என்று முன்கூட்டித் தெரியாமல் லட்சங்களைக் கட்டுவது சூதாட்டம்தான். 2012-இல் கிங்ஃபிஷரும், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸும், 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட்டும் நின்றபோது, அனுபவம் மிக்க விமானிகளே தெருவுக்கு வந்து புதியவர்களோடு ஒரே வரிசையில் நின்றார்கள்.

செலவும் குடும்பமும்

உரிமம் வரை சுமார் 50 லட்சம் முதல் 80 லட்சம் ரூபாய், ரகப் பயிற்சிக்கு மேலும் 15 முதல் 25 லட்சம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. மாணவரைத் தொடக்கத்திலிருந்தே சேர்த்துப் பயிற்றும் நிறுவனங்களின் கேடட் திட்டங்களில் எல்லாம் சேர்த்து ஒரு கோடியைத் தாண்டுகிறது.

தேனி மாவட்டம் ராயப்பன்பட்டியில் இந்தத் தொகைக்கு என்ன பொருள் என்று பார்க்கலாம். இந்த ஊர் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. கல்தூண் நட்டுக் கம்பிப் பந்தல் போட்ட தோட்டம்தான் இங்கே பல குடும்பங்களின் சொத்து. வங்கிக் கல்விக் கடனில் பொதுவாக ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. அதற்கு மேலே போனால் சொத்துப் பத்திரம் வேண்டும். ஒரு கோடிக்குப் பத்திரம் வைப்பதென்றால் அந்தப் பந்தலையே வைப்பது. பட்டியல் வகுப்பு மாணவர்க்கான மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டத்தில் வணிக விமானி உரிமப் படிப்பு இடம்பெற்றிருக்கிறது. ஆனால் மொத்தச் செலவுக்கு அது எட்டாது. எனவே வலப்பக்க இருக்கைக்கு யார் வருகிறார் என்பதைத் திறமைக்கு முன் நிலம் தீர்மானிக்கிறது.

அனுபவத்தை விலைக்கு வாங்குதல்

வெளிநாடுகளில் இது இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. ரகப் பயிற்சி முடித்தவர், பயணிகள் நிறைந்த விமானத்தில் சில நூறு மணி நேரம் துணை விமானியாகப் பறக்கத் தரகர்களிடம் பணம் கட்டினார். அதாவது சம்பளம் வாங்க வேண்டியவரே வேலை பார்க்கக் காசு கொடுத்தார். ஐரோப்பிய விமானிகள் கூட்டமைப்பு இதை எதிர்த்து இயக்கம் நடத்தியது. துணை விமானிக்கு எவ்வளவு அனுபவம் வேண்டும் என்பதும் விவாதமானது. அமெரிக்காவில் 2009-இல் பஃபலோ அருகே நேர்ந்த கோல்கன் ஏர் விமான விபத்தில் 50 பேர் இறந்த பின், துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும் என்ற விதி 2013-இல் வந்தது. விபத்தில் சிக்கிய விமானிகள் இருவருமே அதற்கு மேல் பறந்தவர்கள் என்பதால், விதியின் பயன் பற்றிய வாதம் ஓயவில்லை.

துணை விமானியின் வேலை இயந்திரத்தை ஓட்டுவது மட்டுமல்ல. 2010 மே 22 அன்று மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 158 பேர் இறந்தார்கள். தரையிறங்காமல் மேலெழும்பச் சொல்லித் துணை விமானி மூன்று முறை எச்சரித்தும் கேப்டன் கேட்கவில்லை என்று விசாரணை கண்டது. அந்தத் துணை விமானி காசு கட்டிப் பறந்தவர் அல்ல. முறையாக வேலையில் இருந்தவரின் குரலே எடுபடவில்லை என்றால், இருக்கையை விலைக்கு வாங்கி, கேப்டனின் நற்சான்றுக்காகக் காத்திருக்கும் இளைஞர் எப்படி வாய் திறப்பார்? களைப்பாக இருக்கிறது, இன்று பறக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? ரகப் பயிற்சிக்குக் கட்டணம் வாங்குவதையாவது வேலை உத்தரவு கையில் இருந்தால் ஒரு குடும்பம் பொறுத்துக்கொள்ளலாம். அனுபவத்தை விற்பது பயணியின் உயிரோடு தொடர்புடையது. அதற்கு இடமே கூடாது.

நிறுவனங்களின் வாதம், பயிற்சி கொடுத்தவுடன் விமானி வேறிடம் தாவிவிடுகிறார் என்பது. அதற்குப் பணி ஒப்பந்தம் இருக்கிறது. 2017-இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விலகல் முன்னறிவிப்பைக் கேப்டனுக்கு ஓராண்டு, துணை விமானிக்கு ஆறு மாதம் என்று வைத்ததும் இருக்கிறது. எனவே அந்த வாதம் நிற்பதில்லை.

தற்போதைய நிலை

2023-இல் ஏர் இந்தியா 470, இண்டிகோ 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தன. நாட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட பறக்கும் பள்ளிகள் உள்ளன. சேலத்திலும் பயிற்சி தொடங்கியுள்ளது. ரகப் பயிற்சிக் கட்டணத்தை யார் செலுத்த வேண்டும் என்பதற்கு இந்தியாவில் தனி விதி இல்லை.